பாரிஸிலிருந்து தம்பிக்கு: ஸிடானின் சிவப்பு அட்டை

பாரிஸ்
23.07.2006

அன்புள்ள தம்பிக்கு,

நலம். வீட்டில் எல்லாருடைய நலமும் அறிய ஆவல். காசு விஷயம் அக்காவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். இது முழுக்கப் பந்துக் கதை.

ஜூலை 9இல் பெர்லினில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டம் 1-1 என்று முடிந்து, பிரான்ஸ் இத்தாலியிடம் பெனால்டியில் தோற்றது. அதில் பிரான்ஸ் அணித்தலைவர் ஸிடான் இத்தாலியின் மாட்டராஸியை நெஞ்சில் தலையால் முட்டிச் சிவப்பு அட்டை வாங்கினாரே, மத்தியஸ்தர் காணாத அந்த முட்டலுக்கு எப்படி அட்டை வந்தது, பத்துப் பேரோடு பெனால்டிக்குப் போனால் கணக்கு என்ன, இங்கே சனம் ஸிடானைப் பற்றி இப்போது என்ன சொல்லுது என்று கேட்டிருந்தாய். நீ இப்போது விசில் ஊதப் பழகுகிறவன் என்றபடியால் அட்டையில் தொடங்குகிறேன்.

அங்கே பேப்பரில் ‘கமெராவில் பார்த்துக் கொடுத்த அட்டை’ என்று போட்டிருந்ததாக எழுதினாய். பிரான்ஸ் பயிற்றுநர் டொமெனெக்கும் அந்தச் சந்தேகத்தைக் கிளப்பினார். இங்கே தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் எங்கட ஆட்கள் இன்னமும் அதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நடந்ததைப் படிப்படியாகப் பார். 110ஆவது நிமிடம், மேலதிக நேரத்தின் இரண்டாம் பாதி. பிரான்ஸின் தாக்குதல் முறிந்து பந்து அந்தப் பக்கத்தை விட்டுப் போய்விட்டது. மத்தியஸ்தர் எலிசோண்டோ பந்தோடு போகிறார், போகத்தான் வேண்டும். மாட்டராஸி நிலத்தில் கிடப்பதைக் கண்ட பிறகுதான் ஆட்டத்தை நிறுத்தினார். ஆனால் ஏன் விழுந்தான் என்பது அவருக்குத் தெரியாது. இந்த உலகக் கோப்பையில் மத்தியஸ்தர்கள் எல்லாருக்கும் காதில் பேச்சுக் கருவி உண்டு. நான்காவது மத்தியஸ்தர், ஸ்பெயின்காரர் மெடினா கந்தலெஹோ, கோட்டுக்கு வெளியே நின்று தன் கண்ணால் கண்டதைச் சொன்னார் என்பதுதான் ஃபிஃபாவின் விளக்கம். எலிசோண்டோ கோட்டு மத்தியஸ்தரிடம் போய்க் கதைத்து, திரும்பி வந்து அட்டையை எடுத்தார்.

விதிப் புத்தகத்தில் பதினேழு விதியும் முடிந்த பிறகு நான்காவது மத்தியஸ்தருக்கென்று ஒரு பகுதி இருக்கிறது, அதைப் பார். மத்தியஸ்தரும் கோட்டு மத்தியஸ்தர்களும் காணாத இடத்தில் வன்செயல் நடந்தால் அதைத் தெரிவிக்க வேண்டியது அவருடைய கடமை. முடிவு மட்டும் மத்தியஸ்தருடையது. ஆகவே ‘தான் காணாததற்கு அட்டை காட்டினார்’ என்ற வாதம் நிற்காது. ஆட்டம் நடக்கும்போது திரையில் பார்த்து அட்டை காட்டத்தான் இந்த 2006 விதியில் இடமில்லை. ஆட்டம் முடிந்த பிறகு படத்தைப் பார்த்துத் தண்டிப்பது வேறு. ஜேர்மனி-ஆர்ஜென்டினா காலிறுதி ஆட்டம் முடிந்ததும் நடந்த கைகலப்பில் ஜேர்மனியின் ஃப்ரிங்ஸ் கை நீட்டியது தொலைக்காட்சிப் படத்தில் அகப்பட்டது. அதனால்தான் அவர் இத்தாலிக்கு எதிரான அரையிறுதியில் இல்லை.

உங்கள் மைதானத்தில் நான்காவது ஆளும் கிடையாது, காதுக் கருவியும் கிடையாது. அதனால் இரண்டு விஷயம் பழகிக்கொள். தாக்குதல் முறிந்து பந்து மறுபக்கம் போகும்போது உடனே தலையைத் திருப்பி ஓடாதே. கடைசியாக உரசிக்கொண்டு நின்ற இரண்டு பேரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போ. பந்து எந்தப் பக்கம் இல்லையோ அந்தப் பக்கத்துக் கோட்டு மத்தியஸ்தரிடம், பின்தங்கி நிற்கிற ஆட்டக்காரர் மேல் கண் வைத்திரு என்று ஆட்டத்துக்கு முதலே சொல்லிவை. மற்றது, பிடி. மாட்டராஸி முதலில் பின்னாலிருந்து கையைச் சுற்றிப் போட்டு ஸிடானின் சட்டையைப் பிடித்தார். சட்டை வேண்டுமென்றால் ஆட்டம் முடிந்ததும் தருகிறேன் என்று ஸிடான் சொன்னாராம், அதற்குப் பதிலாகத்தான் அந்த வசை வந்தது. இது மாட்டராஸியே சொன்ன கதை. அந்தப் பிடிக்கே மத்தியஸ்தர் பக்கத்தில் போய் இரண்டு பேரையும் விலக்கியிருந்தால் வாய் திறந்திருக்காது. முட்டலுக்கு முன்னால் அநேகமாக ஒரு பிடி இருக்கும். பிடியில் விசில் ஊதினால் அட்டைக்கு வேலை குறையும்.

பெனால்டிக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளியேற்றப்பட்டவன் உதைக்க முடியாது, மாற்றப்பட்டு வெளியே போனவனும் உதைக்க முடியாது. ஆட்டம் முடியும்போது மைதானத்தில் நிற்கிறவர்கள் மட்டும்தான். ஒரு அணியில் பத்துப் பேர் என்றால் மற்ற அணியும் ஒருவரைக் கழித்துப் பத்தாக்க வேண்டும், கழிக்கிறவரின் பெயரையும் இலக்கத்தையும் அணித்தலைவர் மத்தியஸ்தரிடம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பதினோராவது உதைக்கு வரும்போது பத்துப் பேர் அணியின் முதலாவது ஆள் திரும்ப வருவான், மற்ற அணியோ தங்கள் ஆகக் கடைசி ஆளை அனுப்ப வேண்டியிருக்கும். குறைந்த அணிக்கு லாபம் போய்ச் சேரக்கூடாது என்றுதான் இந்த ஏற்பாடு.

இதை வைத்துக்கொண்டு பார்த்தால் தோல்விக்கான காரணம் நீ நினைக்கிற இடத்தில் மட்டும் இல்லை. வியெய்ரா 56ஆவது நிமிடத்தில் காயத்தோடு போனார். 100இல் ரிபெரியை எடுத்து ட்ரெஸெகேயை இறக்கினார்கள். 107இல் ஹென்றியை எடுத்து வில்டோரை இறக்கினார்கள். அனுமதித்த மூன்று மாற்றமும் முடிந்தது. மூன்று நிமிடம் கழித்து ஸிடான் போனார். அரையிறுதியில் போர்த்துக்கல்லுக்கு எதிராக வென்ற பெனால்டியை உதைத்தவர், இந்த இறுதியாட்டத்திலேயே 7ஆவது நிமிடத்தில் பந்தை மெதுவாகத் தூக்கி அடித்தவர். பத்துப் பேரோடு மிச்ச நேரத்தைப் பிரான்ஸ் ஒரு கோலும் வாங்காமல் தாக்குப்பிடித்தது. ஆள் குறைந்ததால் அல்ல, உதைக்க ஆள் இல்லாததால்தான் இடித்தது. ஸிடானின் பந்து குறுக்குக் கம்பத்தின் அடியில் பட்டுக் கோட்டுக்கு உள்ளே விழுந்தது. ட்ரெஸெகேயின் பந்தும் குறுக்குக் கம்பத்தில் பட்டது, விழுந்தது கோட்டுக்கு வெளியே. இத்தாலிக்காரர் ஐந்தையும் போட்டார்கள், 5-3.

இனிச் சனத்தின் கதை. பெர்லின் மைதானத்தில் இருந்த 69,000 பேருக்கும் வீட்டில் இருந்தவர்களுக்கும் நடந்தது ஒன்றல்ல. மைதானத் திரையில் அந்தக் காட்சியைத் திரும்பப் போடவில்லை. ஆகவே அங்கே நின்ற பிரான்ஸ் ரசிகர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு இத்தாலிக்காரன் விழுந்து கிடக்கிறான், தங்கள் அணித்தலைவர் வெளியே போகிறார் என்பதுதான். மாட்டராஸி ஏமாற்றுகிறான் என்று நினைத்துக் கூக்குரல் போட்டார்கள், அது கடைசிவரை ஓயவில்லை. இங்கே தொலைக்காட்சியில் திரும்பக் காட்டியபோது தேஎஃப்ஆன் (TF1) வர்ணனையாளர் ஜிலார்டி, ஐயோ இது வேண்டாம் ஸினெடின், இன்றைக்கு வேண்டாம், இவ்வளவும் செய்த பிறகு வேண்டாம் என்று கெஞ்சுகிற குரலில் சொன்னார். மைதானத்தில் கோபம், தேநீர்க்கடைகளில் வாயடைப்பு. இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு மறுஒளிபரப்பு.

அடுத்த நாள் திங்கட்கிழமை காலை விளையாட்டுப் பத்திரிகை லெக்கிப் கடுமையாக எழுதியது. இதைப் பிள்ளைகளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று ஸிடானையே கேட்டது. ஆனால் அன்றைக்குப் பின்னேரம் அணி திரும்பி வந்து கொன்கோர்ட் சதுக்கத்தில் கிரியோன் ஹோட்டல் மாடத்தில் நின்றபோது, கீழே நின்ற கூட்டம் கூப்பிட்டது ‘ஸிஸு, ஸிஸு’ என்றுதான். ஜனாதிபதி சிராக் எலிசே மாளிகையில் வைத்து அவரை மனசும் கொள்கையும் உள்ள மனிதர் என்றார். லு பாரிசியன் வெளியிட்ட கருத்துக்கணிப்பில் நூற்றுக்கு 61 பேர் மன்னித்துவிட்டதாகச் சொன்னார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அட்டை பிழை என்று பிரெஞ்சுக்காரர் வாயிலிருந்து வருவது அபூர்வம். அட்டை சரி, போகத்தான் வேண்டும், ஆனால் ஆளை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். எங்கட சனத்துக்கு இது சமிபாடடையவில்லை. மன்னிக்க வேண்டுமென்றால் அவர் செய்தது சரியாக இருக்க வேண்டும், செய்தது சரியென்றால் அட்டை பிழையாக வேண்டும், அட்டை பிழையாக வேண்டுமென்றால் கமெரா வர வேண்டும். கமெராக் கதைக்கு இவ்வளவு ஆயுள் இருப்பதன் காரணம் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

எல்லாரும் ஒரே குரல் என்றும் நினைக்காதே. ஸிடானின் பெற்றோர் அல்ஜீரியாவின் கபிலியாவிலிருந்து வந்தவர்கள், அவர் பிறந்து வளர்ந்தது மார்செய்யின் லா கஸ்தெலான் குடியிருப்பில். அப்படியான தொடர்மாடிகளில் வளர்கிற பெடியளுக்கு, தாயையும் சகோதரியையும் இழுத்துப் பேசினால் கை நீளும் என்பது விளங்கப்படுத்தத் தேவையில்லாத விஷயம். பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறவர்கள்தான் அதிகம் கொதித்தார்கள். பூங்காக்களில் சின்னதுகள் ஒருவன் நெஞ்சில் ஒருவன் முட்டி விழுந்து விளையாடுவதைப் பார்த்தால் அவர்கள் கொதிப்பதிலும் நியாயம் இருக்கு. வயதான ரசிகர்கள் பழைய கணக்கை எடுப்பார்கள்: 1998இல் சவூதி ஆட்டக்காரரை மிதித்து இரண்டு ஆட்டம் தடை, 2000இல் யுவென்டஸுக்கு ஆடும்போது ஹம்பேர்க் ஆட்டக்காரரைத் தலையால் முட்டி ஐந்து ஆட்டம் தடை. இது திடீரென்று வந்த குணம் இல்லை என்பார்கள். உண்மைதான். 1998 இறுதியாட்டத்தில் தெசாயியும் இரண்டு மஞ்சளோடு வெளியே போனார், அதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. அன்றைக்கு 3-0 என்று வென்றார்களே.

புதன்கிழமை 12ஆம் தேதி கனால் ப்ளூஸ் தொலைக்காட்சியில், அதற்குப் பிறகு தேஎஃப்ஆனிலும், ஸிடான் வாய் திறந்தார். பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளிடமும் அவர்களுக்குப் பழக்குகிறவர்களிடமும் மன்னிப்புக் கேட்டார். ஆனால் வருந்துகிறேன் என்று சொல்லவில்லை. வருந்தினால் அவன் சொன்னது சரி என்றாகிவிடும் என்றார். அந்த வாரம் முழுக்க வாதம் இதில்தான். மன்னிப்புக் கேட்டவன் வருந்தாமல் இருக்கலாமா? என்னைக் கேட்டால், விதிக்கு முன்னால் மன்னிப்பே போதும். ஆனால் பிள்ளைகளுக்கு அந்த இரண்டாவது வசனம்தான் ஞாபகம் நிற்கும்.

மாட்டராஸி என்ன சொன்னார் என்று வாயசைவு படிக்கிறவர்களைப் பிடித்து ஆங்கிலப் பத்திரிகைகள் ஆளுக்கொரு கதை எழுதின. பயங்கரவாதி என்று சொன்னதாகவும் வந்தது, மாட்டராஸி மறுத்தார். வியாழக்கிழமை 20ஆம் தேதி ஃபிஃபா தீர்ப்பு வந்தது. வசை இனவாதம் இல்லை என்று இரண்டு பேருமே சொன்னார்களாம். ஸிடானுக்கு மூன்று ஆட்டத் தடையும் 7,500 சுவிஸ் பிராங்க் தண்டமும். மாட்டராஸிக்கு இரண்டு ஆட்டமும் 5,000 பிராங்கும். ஸிடான் ஓய்வுபெற்றுவிட்டார், ஆகவே தடைக்குப் பதிலாக மூன்று நாள் பிள்ளைகளோடு பொதுச்சேவை செய்வார். வாயால் தூண்டியவனுக்கும் தண்டனை கிடைத்ததைத்தான் இங்கே சனம் வெற்றியாக எடுத்துக்கொண்டது. நீயும் இதைக் குறித்துக்கொள். அவமதிக்கிற பேச்சும் விதி 12இன்படி சிவப்பு அட்டைக் குற்றம்தான், ஆனால் களத்தில் அதை மத்தியஸ்தரோ உதவியாளரோ கேட்டிருக்க வேண்டும். அடி கண்ணுக்குத் தெரியும், வசை தெரியாது. உன் பெடியளுக்குச் சொல்ல வேண்டியது, வசை விழுந்தவுடன் அணித்தலைவன் மூலம் மத்தியஸ்தரிடம் சொல்லி அவருடைய காதை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று. அணித்தலைவனையே வசைபாடினால்? அதுதான் பெர்லினில் நடந்தது, அங்கேதான் பக்கத்தில் நிற்கிற இரண்டாவது ஆள் குறுக்கே வர வேண்டும்.

இந்த உலகக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரர் என்று ஸிடானுக்குக் கிடைத்த தங்கப் பந்து விருதைப் பறிக்க வேண்டும் என்றும் குரல் எழும்பியது. அது பத்திரிகையாளர் வாக்கு, ஸிடானுக்கு 2012 புள்ளி, இத்தாலி அணித்தலைவர் கன்னவாரோவுக்கு 1977. பலர் முட்டலுக்கு முன்பே வாக்குப் போட்டுவிட்டார்கள். பறிப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

இத்தாலிப் பக்கத்தில் யாரும் கதைக்காத ஒன்று இருக்கு. டி ரொஸ்ஸி முதல் சுற்றில் அமெரிக்க ஆட்டக்காரரின் முகத்தை முழங்கையால் இடித்து இரத்தம் வரச் செய்து நான்கு ஆட்டத் தடை வாங்கினவர். நான்கும் முடிந்து சரியாக இறுதியாட்டத்துக்கு வந்தார், மாற்றாக இறங்கிப் பெனால்டியும் போட்டார். முழங்கை முதல் சுற்றில் என்றால் கோப்பையைத் தூக்கலாம், தலை கடைசி ஆட்டத்தில் என்றால் கோப்பைக்குப் பக்கத்தால் குனிந்து நடக்க வேண்டும். விதியில் அப்படி எழுதவில்லை. ஆட்ட அட்டவணை அப்படி அமைந்துவிட்டது.

செப்டெம்பர் 6ஆம் தேதி ஸ்தாத் து பிரான்ஸில் இதே இரண்டு அணிக்கும் ஐரோப்பியக் கோப்பைத் தகுதிகாண் ஆட்டம். மாட்டராஸியின் இரண்டு ஆட்டத் தடையில் அதுவும் அடங்குகிறது, இல்லாவிட்டால் காவல் போடவே தனியாக ஆள் தேவைப்பட்டிருக்கும். லெக்கிப் வெட்டுத்துண்டுகளும் விதிப் புத்தகப் பக்கத்தின் பிரதியும் இதோடு வைத்திருக்கிறேன். பிரெஞ்சு விளங்காவிட்டாலும் படத்தில் மத்தியஸ்தர்கள் நிற்கிற இடங்களைப் பார், பேனாவால் வட்டம் போட்டிருக்கிறேன். பதில் போடும்போது உங்கள் மைதானத்தில் கோட்டு மத்தியஸ்தர்களாக யார் யார் நிற்கிறார்கள் என்று எழுது.

அன்புடன்,
அண்ணா