பங்குனியில் பெய்யும் வெண்பனி பருவம் தப்பியதன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த வாரம் தங்கள் நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில், கனடாவின் கிழக்குப் பகுதியைத் தாக்கிய பனிப்புயலைப் பற்றிய செய்தி ‘வசந்தம் பிறந்த பிறகும் பருவம் தப்பிய பனிப்புயல்’ என்னும் தலைப்பில் வெளிவந்திருந்தது. செய்தியில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தலைப்பு இரண்டு நாளாக என் மனத்தை விட்டு அகலவில்லை. பினாங்கிலேயே பிறந்து, தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஒருத்திக்குப் பனிப்புயலைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கக்கூடும். சில ஆண்டுகளுக்கு முன் மகளின் பிள்ளைப்பேற்றுக்காகக் கனடாவின் கியூபெக் மாநிலத்திலுள்ள மொண்ட்ரியல் நகருக்குச் சென்று, தைப்பூசம் முடிந்த மறு வாரம் தொடங்கிச் சித்திரைப் புத்தாண்டு கழிந்த பின்னும் ஒரு வாரம் அங்கே தங்கியிருந்தேன். மாசி, பங்குனி ஆகிய இரண்டு மாதங்களையும் அந்நகரத்தில் ஒரு நாள்கூட விடாமல் பார்த்தவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

முதலில் ‘பருவம் தப்பிய’ என்பதை எடுத்துக்கொள்கிறேன். மார்ச் 20ஆம் நாள் அளவில் கதிரவன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வருவதால் பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகின்றன. அதைக் கொண்டே அந்நாளில் வசந்தம் பிறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். அது வானத்தின் கணக்கு. தரையோ அந்தக் கணக்குக்குப் பல வாரங்கள் பின்தங்கியே சூடேறுகிறது. நான்கு மாதங்களாகக் குளிர்ந்து இறுகிக் கிடக்கும் மண்ணும் ஏரியும் ஒரே நாளில் இளகிவிடுவதில்லை. போதாக்குறைக்கு, புதிதாக விழுந்த வெண்பனி தன்மேல் படும் ஒளியில் 80 விழுக்காட்டுக்கும் மேலாக வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. மொண்ட்ரியலின் மார்ச் மாதச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குச் சற்றுக் கீழேதான் நிற்கிறது. அதே வேளையில் தெற்கே மெக்சிகோ வளைகுடாப் பக்கம் காற்று சூடேறி ஈரத்தைச் சுமக்கத் தொடங்குகிறது. வடக்கிலிருந்து இறங்கும் ஆர்க்டிக் குளிரும் தெற்கிலிருந்து ஏறும் அந்த ஈரக்காற்றும் மோதும்போது எழும் புயல், குளிர்கால நடுவில் வரும் புயலைவிடக் கனமாகக் கொட்டுவதில் வியப்பில்லை. 1971ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள் மொண்ட்ரியலில் 43 சென்டிமீட்டர் வெண்பனி கொட்டியதையும், மருத்துவர்களையும் காவலர்களையும் பனியூர்திகளில் ஏற்றிச் செல்ல நேர்ந்ததையும் அவ்வூர் முதியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். 2017ஆம் ஆண்டு, பங்குனி பிறக்கும் வேளையில், மார்ச் 14, 15 ஆகிய நாள்களில் வந்த புயலில், அந்நகரின் 13ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 300 வாகனங்கள் இரவு முழுவதும் சிக்கிக்கிடந்தன. மாசியிலும் பங்குனியிலும் புயல் வருவது அந்த மண்ணின் வழக்கம் என்பதற்கு இவை போதும்.

நான் பார்த்த புயலும் பங்குனியில்தான் வந்தது. வசந்தம் பிறந்துவிட்டதாகத் தொலைக்காட்சியில் சொல்லி மூன்றாம் நாள். அந்நகரத்துப் பழைய வீடுகளுக்கு மாடிப்படி வெளியே இருக்கும். வளைந்து இறங்கும் இரும்புப் படிகள். எங்கள் வீடு முதல் மாடியில் இருந்தது. காலையில் சன்னல் வழியாகப் பார்த்தபோது படிகளையே காணவில்லை. கைப்பிடிக் கம்பியின் மேல்விளிம்பு மட்டும் ஒரு கோடாகத் தெரிய, அதன் கீழே வெள்ளையாய் ஒரு சரிவு தெரு வரை இறங்கியது. கதவைத் தள்ளினால் நான்கு விரற்கடை அளவுதான் திறந்தது. “அத்தை, விட்டுடுங்க, உள்ளே கொட்டிடும்” என்று மருமகன் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். தையில் விழுந்த பனியை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். புட்டுமாவு போல உதிரியாக, ஊதினால் பறப்பதாக இருந்தது. பங்குனியில் விழுந்ததோ இட்லி மாவு. ஒரு மண்வாரி தூக்குவதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறது. பத்து சென்டிமீட்டர் வெண்பனியை உருக்கினால் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் கிடைக்கும் என்பது அங்குள்ளவர்கள் சொல்லும் பொதுக்கணக்கு. இந்த ஈரப்பனியில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். மருமகன் படிகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துத் தெருவை அடைய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் என் மகள். பினாங்கில் பிறந்த குழந்தையைக் காலை எட்டு மணிக்கு இளவெயிலில் சற்று நேரம் காட்டுவது நம் வீடுகளில் இன்றும் உள்ள வழக்கம். அவளையும் அப்படித்தான் ஜெலுத்தோங் வீட்டு வாசலில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தன் குழந்தையையும் அவ்வாறு வெளியே கொண்டுசெல்ல அவள் மார்ச் 20ஆம் நாளைக் குறித்து வைத்திருந்தாள். அன்றைக்குப் போட வேண்டும் என்று வாங்கிய பூப்போட்ட மெல்லிய சட்டை ஒன்று சன்னல் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டைக்கு இந்தப் பக்கம் வெப்பமூட்டி, அந்தப் பக்கம் பனிச்சுவர். தை மாதக் கடுங்குளிரில் ஒரு வார்த்தை முணுமுணுக்காதவள், அன்றைக்குக் குழந்தையைத் தோளில் போட்டபடி அழுதாள். “ஏம்மா, தேதி வந்துடுச்சே, இன்னும் ஏன் இப்படி?” என்று கேட்டாள். குளிர் தொடங்கும்போது எல்லாரும் அதற்கு உடன்பட்டுவிடுகிறோம்; முடியப்போகிறது என்று நாள் எண்ணத் தொடங்கிய பிறகு வருகிற குளிரைத்தான் தாங்க முடிவதில்லை.

ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் மனப்பாடம் செய்த ஆறு பெரும்பொழுதுகள் அப்போதுதான் எனக்குப் பொருளோடு நினைவுக்கு வந்தன. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். மாசியும் பங்குனியும் பின்பனி; இளவேனில் சித்திரையில்தான் தொடங்குகிறது. பிரிவுக்குரிய பாலைத் திணைக்கு வேனிலோடு பின்பனியையும் உரியதாகத் தொல்காப்பியம் வகுத்திருப்பதைத் தேர்வுக்காகப் படித்தபோது, வெயிலுக்குரிய திணையில் பனிக்கு என்ன வேலை என்று எனக்கு விளங்கியதே இல்லை. மொண்ட்ரியல் சன்னலருகே அது விளங்கியது போல் இருந்தது. இது என் சொந்த எண்ணமே. புலவர்கள் மறுப்பார்களாயின் கேட்டுக்கொள்வேன்.

சங்கப் பாடல்களில் இன்னொரு வழக்கமும் உண்டு. கார்காலத்தில் திரும்புவேன் என்று சொல்லிச் சென்ற தலைவன், மழை பெய்தும் வராதபோது, தோழி தலைவியிடம், ‘இது கார் அன்று, காலமல்லாக் காலத்தில் பெய்யும் மழை, இதைக் கண்டு ஏமாந்து கொன்றை பூத்துவிட்டது’ என்று சாதிப்பாள். பருவம் அன்று என்று வற்புறுத்துதல் என்று அந்தத் துறைக்குப் பெயர். நானும் அன்றைக்குத் தோழியாகிப்போனேன். “தொலைக்காட்சிக்காரன் சொன்னது அவன் கணக்கு. நம் கணக்கில் இன்னும் பங்குனியே முடியவில்லை. இளவேனிலுக்குச் சித்திரை பிறக்க வேண்டும். எதுவும் தாமதமாகவில்லை” என்றேன். தோழி சொன்னதில் பாதி பொய். நான் சொன்னதில் பொய்யே இல்லை என்பதுதான் வேடிக்கை. அந்த ஆண்டு சித்திரை முதல் வாரத்தில்தான் அந்தச் சட்டை சன்னலிலிருந்து இறங்கியது.

கீழ்வீட்டில் யாழ்ப்பாணத்து அம்மையார் ஒருவர் இருந்தார். முப்பது குளிர்காலங்களைப் பார்த்தவர். புயல் ஓய்ந்த மாலையில் கஞ்சி கொண்டுவந்தவர், “அன்ரி, இது கடைசி இல்லை. காகம் வந்தாப் பிறகுதான் கடைசி ஸ்னோ கொட்டும்” என்றார். கியூபெக் மாநிலத்துப் பிரெஞ்சு மக்கள் மார்ச் மாதக் கடைசியில் வரும் அந்தப் பனிப்பொழிவைக் காகங்களின் புயல் என்றே சொல்வார்களாம். குளிருக்குத் தெற்கே போன காகங்கள் கூட்டமாகத் திரும்பும் சமயத்தில் வருவதால் அந்தப் பெயர். காகம் கரைந்தால் விருந்து வரும் என்று வாசலைப் பார்க்கும் நமக்கு, அதே காகத்தை வைத்து இன்னோர் இனமும் வரவிருப்பதைக் கணித்திருக்கிறது என்பது எவ்வளவு நெருக்கமாகத் தோன்றுகிறது! (நம் நாட்டுக் காகங்களுக்கும் ஒரு கதை உண்டு. காப்பித் தோட்டங்களில் புழுக்களைத் தின்பதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டவற்றின் வழிவந்தவை அவற்றுள் பல. அவையும் நம்மைப் போலத் தோட்டத்துக்கு வந்தவைதாம்.) அம்மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம் என்பது சட்டம். சட்டம் மார்ச் 15இல் முடிந்தாலும், காகங்களின் புயல் போகும்வரை அத்தெருவில் யாரும் டயரைக் கழற்றவில்லை.

பின்பனியில் துன்பம் மட்டுமே உண்டு என்று எண்ணிவிட வேண்டாம். இரவில் உறைந்து பகலில் இளகும் அந்தச் சில வாரங்களில்தான் மேப்பிள் மரத்தில் சாறு ஓடுகிறது. மரத்தில் துளையிட்டுச் சாறு இறக்கிக் காய்ச்சுகிறார்கள். ஒரு லிட்டர் பாகுக்கு ஏறத்தாழ 40 லிட்டர் சாறு வேண்டும். பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பதைச் சிறுவயதில் என் தாத்தா வாயால் கேட்டிருந்த எனக்கு அந்தக் கொட்டகையின் புகையும் இனிப்பு வாசமும் அந்நியமாகப் படவில்லை. கொதிக்கும் பாகைச் சுத்தமான பனிமேல் ஊற்றி, இறுகுவதற்குள் ஒரு குச்சியில் சுருட்டித் தந்தார்கள். வெயில் முழுமையாக வந்துவிட்டால் மொட்டு விரிந்து சாற்றின் சுவை கெட்டுவிடும் என்பதால், இளவேனில் சற்றுத் தாமதிக்கட்டும் என்று விரும்புகிறவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

இனி ‘வசந்தம் பிறந்த’ என்பதற்கு வருகிறேன். பினாங்கில் வாழும் நாம் ஓர் ஆண்டில் எத்தனை வசந்தங்களைக் கேள்விப்படுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். சீனர் நாட்காட்டியில் பிப்ரவரி 4ஆம் நாள் அளவிலேயே வசந்தம் தொடங்கிவிடுகிறது. அவர்களுடைய புத்தாண்டை வசந்த விழா என்றே தாங்களும் எழுதுகிறீர்கள். வானிலை ஆய்வாளர்களுக்கு மார்ச் 1. வானியலாளர்களுக்கு மார்ச் 20. நமக்குச் சித்திரை 1. இவற்றுள் எந்த நாளிலும் இத்தீவில் ஒன்றும் மாறுவதில்லை. பகலின் நீளம்கூட இங்கே ஆண்டு முழுவதற்கும் 40 நிமிடத்துக்கு மேல் வேறுபடுவதில்லை. பிப்ரவரி, மார்ச்சில் ஆயர் ஈத்தாம் அணையின் நீர்மட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு மழைக்குக் காத்திருப்போம், வறட்சியின் முடிவில் சாலையோரத் தெக்கோமா மரங்கள் இலையுதிர்த்து இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும், அவ்வளவுதான். ஆகவே ‘வசந்தம் பிறந்தது’ என்று மொட்டையாக எழுதும்போது, யாருடைய வசந்தம், எந்தக் கணக்கின்படி என்பது வாசகருக்குத் தெரிவதில்லை.

என் வேண்டுகோள் சிறியது. மார்ச் மாதத்துப் பனிப்புயலைப் பற்றிய செய்திகளில் ‘பருவம் தப்பிய’ என்பதை விடுத்துப் ‘பின்பனிக்காலத்துப் புயல்’ என்று எழுதலாம். ‘வசந்தம்’ என்னும் இடத்தில் ‘இளவேனில்’ என்று எழுதினால், வெயில் இளமையாக இருக்கும் காலம் என்பது சொல்லிலேயே விளங்கிவிடும். பின்பனி தமிழகத்துத் தட்பவெப்பத்துக்கு வைத்த பெயராயிற்றே, அதிலுள்ள பனி இரவில் இறங்கும் ஈரப்பனிதானே என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானதே. ஆயினும் மார்கழிக் குளிரைப் பாடிக்கொண்டு பினாங்குக் கோயில்களில் மின்விசிறியின் கீழ் அமர்ந்திருக்கும் நாம், பெயரை இடம் பெயர்த்துப் பயன்படுத்திப் பழகியவர்களே. குழப்பம் வராமலிருக்க, வானிலிருந்து பஞ்சாய் விழுவதை வெண்பனி என்றும், தரையிலும் இலையிலும் படிந்து இறுகுவதை உறைபனி என்றும், கல்லாய் விழுவதை ஆலங்கட்டி என்றும் பிரித்து எழுதலாம். தங்கள் மாணவர் பகுதியில் எல்லாவற்றுக்கும் ‘பனிக்கட்டி மழை’ என்று இருமுறை வந்ததைக் கத்தரித்து வைத்திருக்கிறேன், வேண்டுமாயின் அனுப்பிவைக்கிறேன்.

நேற்றிரவு மகள் அழைத்தாள். அங்கே காலை நேரம். தலைப்பில் வந்த புயலை அள்ளி முடித்து, படிகளுக்கு உப்புப் போட்டுவிட்டார்களாம். பேச்சுக்கு நடுவே பின்னால் காகம் கரைவது கேட்டது. டயரை மாற்றியாயிற்றா என்று கேட்டேன். இன்னும் இல்லையாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
ஜெலுத்தோங், பினாங்கு.