ஊர்ப் பணியாளர்களைக் கைப்பேசிப் பயிற்றுநர்களாக உருவாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பாப்பாக்குடி, மானூர், இராதாபுரம் ஒன்றியங்களில் மகளிர் குழுக்களுக்குக் கைப்பேசிப் பயிற்சி நடத்தும் பயிற்றுநர்கள்
(கையொப்பப் பட்டியல் இணைப்பில் உள்ளது)

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: 30 ஊராட்சிகளில் ஊருக்கு இருவர் வீதம் 60 சமுதாயப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்து, அவர்களைக் கொண்டு ஊரிலேயே கைப்பேசி வகுப்பும் வாராந்தர உதவி நாளும் நடத்த ஆணை வழங்க வேண்டுதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டா பார்ப்பது, வில்லங்கம் பார்ப்பது, மின் கட்டணம் கட்டுவது, பீடித் தொழிலாளியின் வைப்பு நிதியைக் கேட்பது, அவர் பிள்ளையின் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது என்று எல்லாமே இன்று கைப்பேசிக்குள் வந்துவிட்டன. கைப்பேசியும் வீட்டுக்கு வந்துவிட்டது. வேலை மட்டும் இன்னும் பஜாரிலுள்ள கம்ப்யூட்டர் சென்டரில்தான் நடக்கிறது. அங்கே செலவாகும் காசைவிட வேறொன்றுதான் எங்களை அதிகம் கவலைப்பட வைக்கிறது. அவசரத்தில் விண்ணப்பத்தின் கைப்பேசி எண் கட்டத்தில் சென்டரின் எண்ணையே போட்டுவிடுகிறார்கள். பிறகு "ஆவணம் தெளிவாக இல்லை, மீண்டும் பதிவேற்றவும்" என்று குறுஞ்செய்தி வந்தால் அது சென்டர் போனுக்குப் போகிறது. விண்ணப்பித்தவர் மூன்று மாதம் காத்திருந்துவிட்டுத் தாலுகா அலுவலகத்துக்கு வந்து நிற்கிறார். திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வரும் மனுக்களில் இந்த வகையும் கலந்திருக்கும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

இதற்கு முன் பிரதமரின் ஊரக எண்ம (டிஜிட்டல்) எழுத்தறிவுத் திட்டம் 2017 முதல் 2024 மார்ச் வரை நடந்தது. வீட்டுக்கு ஒருவர், 14 முதல் 60 வயது வரை, 20 மணி நேரம், முடிவில் ஆன்லைன் தேர்வு. நல்ல எண்ணத்தோடு வந்த திட்டம். ஆனால் ஓய்வூதியத்துக்காக ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டிய 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அதில் இடமில்லை. சான்றிதழ் வாங்கிய மறுவாரம் ஒரு சந்தேகம் வந்தால் கேட்க ஊரில் ஆளும் இல்லை. 1990களில் அறிவொளி இயக்கம் பக்கத்து வீட்டுக்காரரையே ஆசிரியராக்கியது. திண்ணையிலும் கோயில் வாசலிலும் வகுப்பு நடந்ததால்தான் வயதானவர்கள் கூச்சமில்லாமல் வந்து உட்கார்ந்தார்கள். தற்போதைய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் (2022–27) எண்ம எழுத்தறிவும் வாழ்வியல் திறன்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே புதிதாக ஒரு திட்டம் உருவாக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. ஊரிலேயே குடியிருக்கும் ஆட்களைப் பயிற்றுநராக்கி, பயிற்சி முடிந்த பிறகும் அவர்களை அங்கேயே உட்கார வைக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. மகளிர் குழுக் கூட்டமைப்பின் சமுதாய வளப் பயிற்றுநர்கள், இல்லம் தேடிக் கல்வியில் இருந்த தன்னார்வலர்கள், ஊர்ப்புற நூலகர்கள் ஆகியோர் இதற்குப் பொருத்தமானவர்கள். பத்தாம் வகுப்பு போதும், பட்டம் வேண்டியதில்லை. சொந்தமாகக் கைப்பேசி வைத்து இரண்டு ஆண்டாவது புழங்கியவராக இருக்க வேண்டும். வீட்டு ஆளின் போனை வாங்கிப் பழகுபவரால் இன்னொருவருக்குத் தைரியம் சொல்ல முடியாது. ஊருக்கு ஒருவர் போதாது. அவர் கல்யாணமாகிப் போனாலோ, பிரசவத்துக்குத் தாய் வீடு சென்றாலோ வகுப்பு நின்றுவிடும். அங்கன்வாடிப் பணியாளர்களை இதில் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று தனியாகக் கேட்டுக்கொள்கிறோம். போஷன் டிராக்கர் என்ற ஊட்டச்சத்துச் செயலியில் பதிவதே அவர்களுக்குப் போதிய சுமையாக இருக்கிறது. விரும்பி வருபவர்கள் வரட்டும்.

பயிற்சி மொத்தம் 6 நாள். அதை ஒரே மூச்சில் வைத்தால் தலையில் நிற்காது. முதலில் 3 நாள். பிறகு மூன்று வாரம் ஊரில் நான்கு பேருக்குச் சொல்லிக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதில் தடுக்கியதையெல்லாம் குறித்துக்கொண்டு வந்து 2 நாள். மறுபடி மூன்று வாரம் ஊர் வேலை. கடைசியாக 1 நாள். ஒரு அணிக்கு 20 பேர். இடம் முக்கூடல், மானூர், இராதாபுரம். நேரம் காலை 10.30 முதல் மாலை 3.30 வரை. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வருமுன் வீடு சேரும்படி பேருந்து கிடைக்க வேண்டும்.

பயிற்றுநருக்கு முதலில் பழக்க வேண்டியது எந்தச் செயலியையும் அல்ல, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவதைத்தான். கற்பவர் தடுமாறினால் உடனே போனை வாங்கித் தாமே செய்து கொடுத்துவிடுவது எல்லோருக்கும் வரும் பழக்கம். அப்படிச் செய்தால் வேலை முடியும். அவர் கற்றுக்கொள்ள மாட்டார். பணம் அனுப்பும் 'பின்' என்ற இரகசிய எண்ணும், ஒருமுறைக்கு மட்டும் வரும் ஓ.டி.பி. எண்ணும் பயிற்றுநர் கண்ணில் படும் ஆபத்தும் உண்டு. பிற்பாடு கணக்கில் ஏதாவது பணம் குறைந்தால் பழி அந்தப் பயிற்றுநரின் மேல்தான் விழும். "பின் எண்ணைக் கேட்க மாட்டேன், பார்க்க மாட்டேன், எழுத மாட்டேன்; யார் பணத்தையும் கையில் வாங்க மாட்டேன்" என்று எழுதிக் கையொப்பமிட்ட தாள் வகுப்புச் சுவரில் ஒட்டப்பட வேண்டும்.

அடுத்து விரல். வயதானவர்களும் வயல் வேலை செய்பவர்களும் திரையை அழுத்திப் பிடிக்கிறார்கள். போன் அதை நீண்ட அழுத்தமாக எடுத்துக்கொண்டு படத்தை நகர்த்துகிறது, அல்லது நீக்கவா என்று கேட்கிறது. "ஐயோ, கெடுத்துட்டேனே" என்று கையை எடுத்துவிடுகிறார்கள். பலர் மறுபடி தொடுவதே இல்லை. முதல் வகுப்பில் பத்து நிமிடம் கால்குலேட்டரில் எண்களைத் தட்டிப் பழகினால் போதும். அதில் எதுவும் அழியாது என்பதால் பயம் போகும். அமைப்புகளில் அணுகல்தன்மை பகுதிக்குப் போய்த் தொட்டுப் பிடிக்கும் நேரத்தை நீளமாக மாற்றிவிடலாம். எழுத்தைப் பெரிதாக்குவதையும் திரை அணையும் நேரத்தை 2 நிமிடமாக்குவதையும் அன்றே செய்துவிட வேண்டும்.

இரண்டாவது தடங்கல், இடமின்மை. காலை வணக்கப் படங்களாலும் வீடியோக்களாலும் போன் நிறைந்திருக்கும், செயலி புதுப்பிக்காது, பணம் அனுப்பும் செயலி திறக்காது. வாட்ஸ்அப்பில் தானாகப் பதிவிறங்குவதை நிறுத்தவும், சேமிப்பகப் பகுதியில் பெரிய கோப்புகளை அழிக்கவும் தெரிந்தால் பாதிப் புகார் தீர்ந்துவிடும்.

மூன்றாவதுதான் பெரியது: ஓ.டி.பி. போய்ச் சேருமிடம். ஆதாரில் உள்ள எண் ஏதோ பழைய சிம்மாக இருக்கும்; ரீசார்ஜ் செய்யாமல் விட்டதால் செத்திருக்கும். அல்லது மும்பையிலோ வளைகுடாவிலோ இருக்கும் கணவரின் எண்ணாக இருக்கும். எனவே வகுப்பு தொடங்கும் முன்பே ஆளுக்கு ஒரு தாளில் நான்கு கேள்விக்கு விடை எழுதப்பட வேண்டும்: போன் யாருடையது? ஆதாரில் எந்த எண்? வங்கியில் எந்த எண்? ரீசார்ஜ் செய்பவர் யார்? எண் பொருந்தாதவர்களுக்கு அஞ்சல் துறை மூலம் அந்த ஊரிலேயே ஒருநாள் ஆதாரில் கைப்பேசி எண்ணைப் புதுப்பிக்கும் முகாம் நடத்திவிட்டுத்தான் வகுப்பைத் தொடங்க வேண்டும். இதைச் செய்யாமல் வகுப்பு எடுத்தால் மூன்றாவது நாளில் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

பாப்பாக்குடி வட்டாரத்துக்கு இன்னொன்று உண்டு. ஆண்டுக்கணக்கில் பீடி சுற்றியவர்களின் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ரேகை தேய்ந்திருக்கிறது. கைரேகைக் கருவி மறுத்ததும் "எனக்கு வராது" என்று திரும்பிவிடுகிறார்கள். மோதிர விரலையும் சுண்டு விரலையும் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஓய்வூதியர்களுக்கு முகப்பதிவு வழியே வாழ்நாள் சான்று கொடுக்கும் முறையைச் சொல்லித் தர வேண்டும். இதற்கு ஜீவன் பிரமாண் செயலியும் ஆதார் முகப்பதிவுச் செயலியும் இரண்டுமே தேவை. ஒன்றை மட்டும் நிறுவியதால் நின்றுபோனவர்கள் அதிகம். வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் கறுத்துப் பதியாது. வாசலைப் பார்த்து உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, திரை சொல்லும்போது கண்ணைச் சிமிட்ட வேண்டும். அவ்வளவுதான். இதற்காக ஒரு பாட்டி ஆட்டோ பிடித்து அம்பாசமுத்திரம் போய்வர வேண்டியதில்லை.

பணம் அனுப்புவதைப் படம் காட்டிக் கற்பிக்க முடியாது. ஒருவருக்கொருவர் 1 ரூபாய் அனுப்பித் திரும்ப வாங்கிப் பழக வேண்டும். நமக்குப் பணம் வர 'பின்' எண் தேவையில்லை என்பது அப்போதுதான் கைக்குள் படியும். யாராவது "பணம் போட்டிருக்கேன், பின் போடுங்க" என்றால் கை தானாக நிற்கும். மோசடி வகுப்பிலும் இதே முறைதான். பயிற்றுநர் வெளியே நின்று வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டு, "உரிமைத்தொகை நின்றுபோச்சு, நம்பர் சொல்லுங்கம்மா" என்பார். கற்பவர் போனை வைக்கப் பழகுவார். இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும் என்ற செய்தி, கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும் செயலிக் கோப்பு, திரையைப் பகிரச் சொல்லும் அழைப்பு ஆகிய மூன்றையும் இப்படிப் பழக்க வேண்டும். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும். வங்கிப் பெயர், தொகை, நேரம், பரிவர்த்தனையின் 12 இலக்க எண் ஆகியவற்றை எங்கே பார்ப்பது என்பதை முன்கூட்டியே செய்து பார்த்திருக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுமுன் சொன்னால்தான் நிறுத்தி வைக்க வழி உண்டு.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் நனைந்து போன பத்திரங்களையும் சான்றுகளையும் நினைத்தால், சான்றுகளைக் கைப்பேசி வழியே பாதுகாக்கும் அரசின் டிஜிலாக்கர் செயலிக்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்குவது அதிகமில்லை.

கற்பவர் அணி 12 பேரைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு போனும் ஒவ்வொரு மாதிரி இருப்பதால் பயிற்றுநர் ஒருவர் ஆறு பேரைத்தான் கவனிக்க முடியும். ஒன்றரை மணி நேர அமர்வு 8. ஆறு மாதத்தில் ஊருக்கு 3 அணி. அமர்வுகள் முடிந்தவர்களுக்காக வாரம் ஒருநாள், குறித்த கிழமையில், குறித்த இடத்தில் ஒரு பயிற்றுநர் இரண்டு மணி நேரம் உதவிக்கு உட்கார வேண்டும். எங்கள் கணிப்பில் வகுப்பைவிட இந்த உதவி நாளே முக்கியம்.

கணினிகள் வாங்க வேண்டியதில்லை. ஊராட்சிக்கு ஒரு பயிற்சிக் கைப்பேசி (9,000 ரூபாய்), பத்து முனை மின் பலகையும் எல்லா வகை சார்ஜர் வயர்களும் (1,200), திரைப் படங்களைப் பெரிதாக அச்சிட்டு உறையிட்ட அட்டைகள் (1,500), வெவ்வேறு நிறுவனத்தின் இரண்டு சிம்முக்கு ஆறு மாத ரீசார்ஜ் (3,000), ஒலிபெருக்கி, பதிவேடு, சில்லறைச் செலவு (1,300) என 16,000 ரூபாய் போதும். பகல் வெளிச்சத்தில் புரொஜெக்டர் தெரியாது, அட்டைதான் தோதானது. செயலிகள் புதுப்பிக்கப்பட்டுத் திரை மாறிவிடுவதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அட்டைகளைச் சரிபார்க்க வேண்டும். பழைய அட்டையில் பச்சையாக இருந்த பொத்தான் போனில் நீலமாக இருந்தால் கற்பவர் அங்கேயே நின்றுவிடுவார்.

காலம் குறிப்பதில் ஒன்றியம் முழுவதற்கும் ஒரே அட்டவணை சரிப்படாது. ஆற்றுப் பாசன ஊர்களில் பிசானப் பருவ நெல் நடவுக்கும் அறுப்புக்கும் வகுப்பு வைக்கக் கூடாது. இராதாபுரத்தில் உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை போன்ற கடற்கரை ஊர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலம் வாய்ப்பானது. ஆனால் அதே மாதங்களில்தான் உள்நாட்டுப் பனங்காட்டு ஊர்களில் பெண்கள் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவார்கள். அவர்களுக்கு ஆடிக்குப் பிறகு வைக்க வேண்டும். பீடி ஒப்படைக்கும் நேரமும் ஊருக்கு ஊர் மாறும். காரையாறு அணைக்கு அப்பாலுள்ள காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்கு, வனத்துறை இசைவோடு தனி ஏற்பாடு தேவை. அதை இரண்டாம் கட்டத்தில் முன்வைக்கிறோம்.

தேர்வு வேண்டாம். வகுப்பு முடிந்த 30ஆம் நாள் கற்றவர் தனியாக வந்து, தம் போனிலேயே, யார் உதவியும் இல்லாமல் ஐந்தில் மூன்று வேலையைச் செய்து காட்டட்டும்: சிட்டா பார்ப்பது, மின் கட்டணத் தொகை பார்ப்பது, 1 ரூபாய் அனுப்புவது, டிஜிலாக்கரில் ஒரு சான்றைத் திறப்பது, போலிச் செய்தியின் எண்ணைத் தடுப்பது. செய்தவர்களை மட்டும் கணக்கில் காட்ட வேண்டும். மதிப்பூதியமும் தலைக்கு இவ்வளவு என்றில்லாமல் அமர்வுக்கு 250 ரூபாய் என்று இருக்கட்டும். தலைக்கணக்கில் கொடுத்தால் பெயர் சேர்ப்பதில்தான் கவனம் போகும்.

செலவு மதிப்பீடு: பயிற்சி நாட்களுக்கு உணவு, பயணப்படி (60 பேர், 6 நாள், 400 ரூபாய் வீதம்) 1,44,000, முதன்மைப் பயிற்றுநர் ஊதியம் (3 அணி, 6 நாள், இருவர், 1,500 வீதம்) 54,000, 30 ஊராட்சிகளுக்குக் கருவிகள் 4,80,000, அமர்வு மதிப்பூதியம் (30 ஊராட்சி, இருவர், 24 அமர்வு) 3,60,000, உதவி நாள் மதிப்பூதியம் (30 ஊராட்சி, 24 வாரம்) 1,80,000, பழகுவதற்கான பணம் (1,080 பேருக்கு 20 ரூபாய்) 21,600. ஆக மொத்தம் 12,39,600 ரூபாய்.

எனவே, மகளிர் திட்டம் மூலம் ஒன்றியத்துக்குப் பத்து ஊராட்சி வீதம் தேர்ந்தெடுத்து 60 பணியாளர்களை நியமிக்கவும், அவர்களுக்குத் தங்கள் கையொப்பத்துடன் அடையாள அட்டை வழங்கவும் ஆணையிட வேண்டுகிறோம். அட்டை இல்லாமல் ஒருவரின் போனைப் பற்றிக் கேட்டால் ஊரில் சந்தேகம்தான் வரும். வகுப்புக்கு வறுமை ஒழிப்புச் சங்கக் கட்டடத்தையோ ஊர்ப்புற நூலகத்தையோ வாரம் மூன்று நாள் திறந்து தரவும், மாவட்டத்தின் முன்னோடி வங்கியும் சைபர் குற்றப்பிரிவு காவல்துறையும் ஒவ்வொரு பயிற்சி அணிக்கும் ஒரு மணி நேரம் வந்து பேசவும், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குக் குரல்வழிப் பயன்பாட்டைக் கற்பிக்க 1890 முதல் பாளையங்கோட்டையில் இயங்கிவரும் பார்வையற்றோர் பள்ளியின் உதவியைக் கேட்டுப் பெறவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

பாடத்திட்டமும் மாதிரி அட்டைகளும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. தாங்கள் குறிப்பிடும் நாளில் நேரில் வந்து ஒரு மாதிரி அமர்வை நடத்திக் காட்ட ஆயத்தமாக உள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கைப்பேசிப் பயிற்றுநர்கள்

நகல்:
திட்ட இயக்குநர், மகளிர் திட்டம், திருநெல்வேலி.
திட்ட இயக்குநர், மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை, திருநெல்வேலி.