திருட்டு கிளெய்முக்கு யாரை நம்பிப் போறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க,

லீவு சீசன் வந்துட்டா போதும், ஊருக்குப் போறப்ப ஸ்டேஷன்ல சொல்லிட்டுப் போங்க, கேமரா மாட்டுங்க, நகையை பீரோவுல வச்சுட்டுப் போகாதீங்கன்னு உங்க பேப்பர்லயும் மத்த பேப்பர்லயும் தவறாம போடறீங்க, நல்ல விஷயம்தான். ஆனா திருட்டு போனதுக்கப்புறம் இன்சூரன்ஸ் பணத்தை எப்படி வாங்கறது, அதுக்கு விஷயம் தெரிஞ்ச ஆளு யாரைக் கூப்புடறது, அவங்களுக்கு எவ்வளவு குடுக்கலாம்னு யாரும் எழுதி நான் பாத்ததில்ல. நான் ஈரோட்டுல ஜவுளிக்கடைங்களுக்கு கணக்கு எழுதறவன். கடையில திருட்டு போச்சுன்னா போலீசுக்கு அடுத்தபடி போன் வர்றது எங்களுக்குத்தான், ஏன்னா என்ன போச்சு எவ்வளவு போச்சுன்னு கணக்குப் பாக்காம கிளெய்ம் ஃபாரத்துல ஒரு எழுத்து எழுத முடியாது. அந்த அனுபவத்துல தெரிஞ்சதை சொல்றேன், போடறதும் விடறதும் உங்க இஷ்டம்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு தகவல் சொன்னதும் நஷ்டத்தை மதிப்புப் போட சர்வேயர்னு ஒருத்தர் வருவார். நம்ம ஆளுங்க அவருக்கு காப்பி வாங்கிக் குடுத்து, சார் நீங்கதான் பாத்து நல்லபடியா போட்டு விடணும்னு கையப் பிடிச்சுக்குவாங்க, அவரு நமக்காக வந்திருக்காருன்னு நினைப்பு. இன்சூரன்ஸ் துறையைக் கண்காணிக்கற ஆணையமான ஐஆர்டிஏஐ குடுத்த லைசென்ஸ் வச்சிருக்கறவர்தான், 1 லட்சத்துக்கு மேல நஷ்டம்னா அவர் பாத்தே ஆகணும்னு விதி, நடுநிலையா பாக்கணும்னும் விதி. ஆனா அவரை அனுப்பறது கம்பெனி, ஃபீஸ் குடுக்கறதும் கம்பெனி, அடுத்த வேலையும் அதே கம்பெனிதான் குடுக்கணும். நல்லவங்க நிறைய பேரு இருக்காங்க, நான் இல்லைங்கல, ஆனா நம்ம பக்கம் உக்காந்து பேசறதுக்கு ஒரு ஆளு வேணும்னா அது அவரு கிடையாது. அவர் எழுதற ரிப்போர்ட்டே கடைசி வார்த்தையும் கிடையாது, அதை ஆதாரத்தோட மறுத்துப் பேசலாம்னு 2009லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, பாதிப் பேருக்கு இது தெரியாது.

உதவி தேவைப்படறது முதல் ரெண்டு மூணு நாள்லதான். ஸ்டேஷன்ல புகார் குடுத்ததும் கையில ஒரு ரசீது குடுப்பாங்க, சிஎஸ்ஆர்னு. அதை எஃப்ஐஆர்னு நினைச்சு பத்திரமா லேமினேஷன் பண்ணி வச்சிருக்கறவங்களைக் கூட பாத்திருக்கேன். அது மனு வாங்கினதுக்கான ரசீது அவ்வளவுதான், இன்சூரன்ஸ் கம்பெனி கேக்கறது எஃப்ஐஆர், அதோட காப்பி புகார் குடுத்தவருக்கு ஃப்ரீயா குடுக்கணும்னு சட்டத்துலயே இருக்கு. அடுத்து அதுல என்ன செக்‌ஷன் போட்டிருக்காங்கன்னு பாக்கணும். உள்ள புகுந்து திருடினதுக்கு 2024 ஜூலைக்கு முன்னாடி ஐபிசில 457, 380ன்னு போடுவாங்க, இப்ப அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ் சட்டத்துல 331, 305. சாதாரண திருட்டுக்கு 303. பூட்டை உடைச்சு உள்ள வந்து எடுத்துட்டுப் போன கேஸுக்கு ஸ்டேஷன் ரைட்டர் அவசரத்துல வெறும் 303 மட்டும் போட்டுட்டா அப்புறம் கம்பெனி அதையே பிடிச்சுக்கும், ஏன்னா நம்ம ஊர் பாலிசில பர்க்ளரின்னா பலவந்தமா உடைச்சு நுழைஞ்சிருக்கணும் இல்ல உடைச்சு வெளிய போயிருக்கணும், அந்த அடையாளம் இருக்கணும். திறந்து கிடந்த கதவு வழியா வந்து எடுத்துட்டுப் போனா திருட்டுதான், ஆனா பாலிசி கணக்குல பர்க்ளரி ஆகாது. 2004ல ஹர்சந்த் ராய் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டும் பாலிசில எழுதினபடிதான் பாக்க முடியும்னு கம்பெனி பக்கம் தீர்ப்பு சொல்லிட்டு, கூடவே இந்த வார்த்தையெல்லாம் ஜனங்களோட நடைமுறைக்கு ஏத்த மாதிரி மாத்துங்கன்னு கம்பெனிகளுக்கு சொல்லிச்சு. இருபது வருஷம் தாண்டிடுச்சு, இன்னும் பெரும்பாலான பாலிசில அதே வார்த்தைதான்.

அதனால புகார் மனு எழுதறப்பவே ஷட்டர் பூட்டு அறுத்திருக்கு, பின்பக்க ஜன்னல் கம்பிய நெம்பி வளைச்சிருக்குன்னு உள்ளதை உள்ளபடி எழுதணும், பூட்டையும் வளைஞ்ச கம்பியையும் சர்வேயர் பாக்கற வரைக்கும் மாத்தக்கூடாது, முடியாட்டி எல்லா பக்கமும் போட்டோ எடுத்துட்டு பழைய பூட்டை ஒரு பையில போட்டு வைக்கணும். இங்க ஒரு சேலைக்கடையில திருட்டு போன அன்னிக்கு மத்தியானமே ஓனரு வெல்டரைக் கூப்பிட்டு ஷட்டரை சரி பண்ணி பெயின்ட்டும் அடிச்சுட்டாரு, அடுத்த ராத்திரியும் வந்துட்டா என்ன பண்றதுன்னு பயம், அது நியாயமான பயம்தானே. சர்வேயர் வந்தப்ப புது பெயின்ட் வாசனைதான் அடிச்சுது. கடைசில பக்கத்து கடை கேமரால அந்த ஷட்டரைக் கடப்பாரையால தூக்கறது பதிவாகியிருந்ததால கிளெய்ம் தப்பிச்சுது.

இப்ப கணக்குக்கு வர்றேன், என் தொழில் அதுதான், கொஞ்சம் நீளமாத்தான் எழுதுவேன் பொறுத்துக்கோங்க. கடையில என்ன போச்சுன்னு சொல்றதுக்கு சர்வேயர் ஒத்துக்கற வழி ஒண்ணுதான். வருஷ ஆரம்ப ஸ்டாக்கு, அதோட வாங்கின சரக்கு, அதுல வித்த சரக்கை அசல் விலைக்குக் கொண்டுவந்து கழிச்சா அன்னிக்கு கடையில இருக்க வேண்டிய சரக்கு வரும், எண்ணிப் பாத்து இருக்கறதைக் கழிச்சா போனது வரும். கேக்க சுலபம். ஆனா நம்ம ஆளுங்க கிட்ட சரக்கை ஈடு காட்டி வாங்கற சிசி லோனுக்கு பேங்குல குடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட் ஒண்ணு இருக்கும், அது உப்பி இருக்கும். ஜிஎஸ்டி ரிட்டர்ன்படி கணக்குப் போட்டா வர்றது ஒண்ணு இருக்கும், அது இளைச்சு இருக்கும். பாலிசி எடுக்கறப்ப பிரீமியம் கம்மியாகட்டும்னு சொன்னது மூணாவது. சர்வேயர் மூணையும் கேட்டு வாங்கி மேசை மேல பக்கத்துல பக்கத்துல வைப்பார், அப்ப ஓனர் மொகத்தைப் பாக்கணுமே. இதுக்கு எந்த நிபுணராலயும் ஒண்ணும் பண்ண முடியாது, கணக்கு நேரா இருந்தாதான் உதவிக்கு வர்றவரும் உதவ முடியும்.

அந்த மூணாவது நம்பர்லதான் பெரிய அடி விழும். உதாரணத்துக்கு கடையில 40 லட்சத்துக்கு சரக்கு இருக்கு, 30 லட்சத்துக்குத்தான் பாலிசி, போனது 6 லட்சம்னு வச்சுக்கோங்க. பாலிசி 30 லட்சத்துக்கு இருக்கே, போனது 6 தானே, முழுசா வரும்னு நினைப்போம். ஆனா முக்கால் பங்குக்குத்தானே இன்சூர் பண்ணீங்கன்னு நஷ்டத்துலயும் முக்கால் பங்கு, அதாவது நாலரை லட்சம்தான் குடுப்பாங்க, ஆவரேஜ்னு சொல்வாங்க. ஒரே ராத்திரில கடை முழுசையும் யாரும் தூக்கிட்டுப் போக முடியாதுங்கறதால மொத்த மதிப்புல இத்தனை பர்சன்ட்னு ஃபர்ஸ்ட் லாஸ் முறையில எடுத்துக்கற பாலிசியும் இருக்கு, அதுலயும் மொத்த மதிப்பைக் கம்மியா காட்டியிருந்தா இதே வெட்டுதான்.

விஷயம் தெரிஞ்ச ஆளு வாங்கற ஃபீஸுக்கு என்ன செய்வாருன்னா ஒண்ணு சொல்றேன். சரக்கு வாங்கறப்ப குடுத்த ஜிஎஸ்டியை நாம கட்ட வேண்டிய வரில கழிச்சுக்கறோமே, அதுதான் இன்புட் டாக்ஸ் கிரெடிட். திருட்டுப் போன சரக்குக்கு முன்னாடி எடுத்த அந்த கிரெடிட்டை திருப்பிக் கட்டணும்னு ஜிஎஸ்டி சட்டம் 17(5)(எச்)ல இருக்கு. ஆனா கம்பெனி கணக்குப் போடறப்ப நீங்கதான் கிரெடிட் எடுத்துட்டீங்களேன்னு வரியக் கழிச்சுட்டு பில்லோட அடிப்படை விலைய மட்டும் எடுத்துக்குவாங்க. 5 லட்சம் ரூபா சரக்குக்கு 5 சதவீதம்னா 25 ஆயிரம், அது அரசாங்கத்துக்கும் போயிடும், கம்பெனி கிட்டயும் வராது. கிரெடிட்டை திருப்பிக் கட்டினதைக் காட்டற ஜிஎஸ்டி ரிட்டர்ன் காப்பியை வச்சு அதையும் நஷ்டத்துல சேருங்கன்னு கேக்கலாம். இதை எத்தனை கடைக்காரங்க தானா கேப்பாங்க சொல்லுங்க. இந்த மாதிரி வேலைக்கு நல்ல ஆடிட்டர் ஒருத்தரோ ரிடையர் ஆன சர்வேயர் ஒருத்தரோ போதும், இத்தனை ரூபான்னு பேசி ஃபீஸ் குடுத்தா அந்தக் காசு வீண் போகாது, முக்கியமா ஃபாரத்துல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி குடுத்தா.

வீட்டுத் திருட்டுக்கு இவ்வளவு கணக்கு இல்ல, ஆனா அங்க வேற கூத்து. ஹோம் லோன் வாங்கறப்ப பேங்க்லயே ஒரு வீட்டு இன்சூரன்ஸ் எடுக்க வச்சிருப்பாங்க, அதிகம் பாரத் கிருஹ ரக்ஷாவா இருக்கும், 2021 ஏப்ரல்ல இருந்து எல்லா கம்பெனியும் குடுத்தாகணும்னு கொண்டு வந்தது. தீ, வெள்ளம், நிலநடுக்கம் எல்லாத்துக்கும் நல்ல பாலிசி. ஆனா திருட்டுன்னு வந்தா, தீயோ வெள்ளமோ வந்து வீடு பாதிச்சு, அதனால 7 நாளைக்குள்ள திருட்டுப் போனாத்தான் குடுப்பாங்க. சும்மா பூட்டை உடைச்சு எடுத்துட்டுப் போனதுக்கு அதுல கிடையாது, அதுக்கு பர்க்ளரி கவர் தனியா சேக்கணும், நகைக்கு நகைன்னு பட்டியல் போட்டு மதிப்புக் காட்டியிருக்கணும். பீரோவுல இருந்த 15 பவுனுக்கு இந்தப் பாலிசிய தூக்கிட்டு வந்து நிக்கறவங்களைப் பாத்தா என்ன சொல்றதுன்னே தெரியல. வீட்டு வேலைக்கு வர்றவங்களோ சொந்தக்காரங்களோ எடுத்துட்டாங்கன்னா பெரும்பாலும் வராது, தொடர்ந்து இத்தனை நாளுக்கு மேல வீடு பூட்டிக் கிடந்தா வராதுன்னு சில பாலிசில இருக்கு. திருட்டுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம் விவரம் தெரிஞ்சவர் கிட்ட பாலிசியக் குடுத்து படிச்சு சொல்லச் சொன்னா தீர்ந்துது.

இனி நான் இந்த லெட்டர் எழுதறதுக்கே காரணமான விஷயம். கிளெய்ம் நிராகரிச்சுட்டாங்கன்னு ஆனதும், கிளெய்ம் கன்சல்டன்ட்டுனு சொல்லிட்டு ஆளுங்க வர்றாங்க. எப்படித்தான் மோப்பம் பிடிப்பாங்களோ தெரியல. வாங்கித் தர்ற பணத்துல 20 பர்சன்ட்டு 25 பர்சன்ட்டு, முன்பணம் தனி, வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வேற. வக்கீலே ஜெயிச்சா பணத்துல பங்குன்னு பேசக்கூடாதுன்னு பார் கவுன்சில் விதி இருக்கறப்ப, எந்த லைசென்ஸும் இல்லாத இவங்களுக்கு என்ன விதி? கேக்க ஆளில்ல.

இவங்க செய்யறதா சொல்ற வேலையை பாதிக்கப்பட்டவர் தானே செய்யலாம், காசும் ஆகாது. கம்பெனியோட குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்துல புகார் குடுத்து ஒரு மாசத்துல பதில் வரலைன்னாலோ வந்த பதில் திருப்தி இல்லைன்னாலோ இன்சூரன்ஸ் புகாரை விசாரிச்சு உத்தரவு போடற அதிகாரியான இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம், தமிழ்நாட்டுக்கு சென்னை தேனாம்பேட்டையில அண்ணா சாலைலயே ஆபீஸ் இருக்கு, ஆன்லைன்லயும் போடலாம். ஃபீஸ் கிடையாது, 50 லட்சம் வரைக்கும் உத்தரவு போட அதிகாரம் இருக்கு, ஒரு வருஷத்துக்குள்ள போகணும். முக்கியமா அங்க வக்கீலோ ஏஜென்ட்டோ உங்களுக்காக ஆஜராக முடியாது, நீங்கதான் பேசணும். அப்படியிருக்க 20 பர்சன்ட் எதுக்குன்னு கேளுங்க, பதில் வராது. கன்சியூமர் கமிஷன் ரெண்டு வருஷத்துக்குள்ள போக வேண்டிய இடம், சட்டப் பாயின்ட் சிக்கலா இருந்தா அங்க ஒரு நல்ல வக்கீலை வச்சுக்கறதுல தப்பே இல்ல. கொஞ்சம் பணம் குடுத்து முழு திருப்தியோட வாங்கிக்கிட்டேன்னு வவுச்சர்ல கையெழுத்து வாங்கிட்டாங்களே, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதான்னு பயப்படறவங்களுக்கும் ஒண்ணு, அந்தக் கையெழுத்தால மட்டும் மீதிய கேக்கற உரிமை போயிடாதுன்னு 2015லயே ஐஆர்டிஏஐ சர்க்குலர் போட்டிருக்கு.

அமெரிக்காவுல பப்ளிக் அட்ஜஸ்டர்னு ஒரு தொழிலே இருக்கு, பாலிசி எடுத்தவர் பக்கம் நின்னு நஷ்டத்தைக் கணக்குப் போட்டு கம்பெனி கிட்ட பேசறவங்க, மாநில அரசு லைசென்ஸ் குடுக்குது, டெக்சாஸ்ல 10 பர்சன்ட்டுக்கு மேல வாங்க முடியாதுன்னு உச்சவரம்பும் இருக்கு. நம்ம ஊர்ல சர்வேயருக்குப் படிப்பு, பரீட்சை, லைசென்ஸ் எல்லாம் இருக்கு, ஆனா பெரும்பாலும் கம்பெனி கூப்பிட்டா போற வேலைக்குத்தான். அதே ஆளுங்கள்ல விருப்பப்பட்டவங்களை பாலிசிதாரர் பக்கத்துக்குன்னு தனியா பதிவு பண்ணி, ஒரே கேஸ்ல ரெண்டு பக்கமும் வேலை பாக்கக்கூடாதுன்னு விதி போட்டு, ஃபீஸுக்கு ஒரு வரம்பும் வச்சா என்ன கெட்டுப் போச்சு? 2024 ஜூன்ல சர்வேயரை 24 மணி நேரத்துல நியமிக்கணும், ரிப்போர்ட் வந்து 7 நாளைக்குள்ள முடிவு சொல்லணும்னு கம்பெனிங்களுக்கு கெடு வச்ச ஐஆர்டிஏஐக்கு இது பெரிய வேலையா?

உங்க நிருபர் யாரையாவது விட்டு இந்த ஒரு கேள்விய ஐஆர்டிஏஐ கிட்ட எழுத்துல கேக்கச் சொல்லுங்க, வர்ற பதிலை அப்படியே போடுங்க. அதுவரைக்கும் ஓம்புட்ஸ்மேன் ஆபீஸ் விலாசத்தையும் 155255ங்கற ஐஆர்டிஏஐ ஹெல்ப்லைன் நம்பரையும் திருட்டுச் செய்தி போடற பக்கத்துலயே ஓரமா ஒரு கட்டம் கட்டிப் போட்டீங்கன்னா நல்லாருக்கும்.

இப்படிக்கு,
ஜவுளிக்கடை கணக்கர் ஒருத்தர்,
ஈரோடு