லீவு முடிந்தாலும் பாலை நிறுத்தாதே

கிளிநொச்சி

அன்புள்ள சுமதி,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் பிள்ளையும் சுகம் என்று வசந்தி சொன்னாள். லீவு முடிந்ததும் பிள்ளையைப் பால்மாவுக்கு மாற்றப் போகிறாயாம், அதையும் அவள்தான் சொன்னாள். கேட்டதிலிருந்து மனம் ஆறவில்லை.

மாறத் தேவையில்லையடி. நான் தாய்ப்பாலை எடுத்து உறைய வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். பைக்கு 60 முதல் 120 மில்லிலீற்றர் போதும், ஒரு நேரத்துக்கு அவ்வளவுதான். உறையும்போது பால் விரியும், மேலே கொஞ்சம் இடம் விடு. திகதி எழுதித் தட்டையாகப் படுக்க வை, உறைந்த பிறகு புத்தகம் மாதிரி நிறுத்தி அடுக்கலாம். பழைய பை முன்னுக்கு இருக்கட்டும். கதவுத் தட்டில் வைக்கவே கூடாது.

வெளியே 4 மணித்தியாலம் இருக்கலாம் என்பது 25 பாகைக்குள் உள்ள அறைக்கான கணக்கு. நம்முடைய சித்திரை வெயிலில் அதை நம்பாதே, எடுத்த கையோடு உள்ளே வை. பிரிட்ஜின் கீழ்த்தட்டில் 4 நாள், தனிக்கதவுள்ள பிறீசரில் 6 மாதம். உன்னுடையது ஒற்றைக் கதவு என்றால் அந்தச் சின்னப் பெட்டிக்குள் 2 கிழமைதான்.

எனக்குப் பெரிய கவலை கறண்ட். மாரியில் காற்றடித்தால் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? பிறீசரில் வெற்றிடம் இருந்தால் தண்ணீர்ப் போத்தல்களை உறைய வைத்து நிரப்பு. நிறைந்த பிறீசர் திறக்காமல் இருந்தால் 48 மணித்தியாலம் குளிரைப் பிடிக்கும், பாதி நிறைந்தது 24. திறக்காமல், கேட்டியா? முறிகண்டியில் ஐஸ்பழப் பெட்டியை மூடவே விடாத ஆள் நீ! பாலில் ஐஸ் கட்டி மிஞ்சியிருந்தால் திரும்ப உறைய வைக்கலாம். முழுக்க உருகினால் கீழ்த்தட்டில் வைத்து 24 மணித்தியாலத்துக்குள் முடித்துவிடு.

பருக்க முதல்நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்று. பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்தால் போதும், அடுப்பில் காய்ச்ச வேண்டாம். கொழுப்புப் பிரிந்து மேலே நிற்கும், மெல்ல ஆட்டினால் கலந்துவிடும். மாமியிடம் இதை முன்பே சொல்லி வை, பழுது என்று ஊற்றிவிடுவா. கோப்பையால் பருக்கவும் அவவுக்குக் காட்டிக் கொடு.

2009 இறுதிப் போரில் மாத்தளனில் அக்காவுக்குப் பால் வற்றியபோது பால்மாவுக்காக அத்தான் அலைந்ததை நீதான் எனக்குச் சொன்னாய். உனக்கு இப்போது பால் இருக்கிறது, பிறீசர் இருக்கிறது. வேலையிடத்தில் பால் எடுக்க ஒரு மறைவான அறை கேட்காமல் தரமாட்டார்கள், எனக்கும் தரவில்லை. சண்டை பிடித்துத்தான் வாங்கினேன். நீயும் கேள்.

சனிக்கிழமை மல்லாவி பஸ்ஸில் வருகிறேன். பைகள் கொண்டு வருவேன், அன்றைக்கே தொடங்குவோம்.

அன்புடன்,
கலா