அதே கையால ரெண்டு சட்டம்

டேய் சேகர்,

உன் லெட்டர் வந்து பத்து நாளாச்சு, அம்மாவுக்கு கண்ணு ஆபரேஷன், அதான் உடனே எழுத முடியல. இப்ப நல்லா இருக்காங்க.

நீ கேட்டிருந்தியே, ரிட்டயர் ஆகி என்ன படிக்கிறேன்னு. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநில வரலாறுடா, நோ நத்திங்னு ('ஒண்ணும் தெரியாது'ன்னு அர்த்தம்) ஒரு கட்சியோட கதை. ரகசிய சங்கமா ஆரம்பிச்சது, யாரு கேட்டாலும் எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லணும், பேரே அப்படி வந்துச்சு. அயர்லாந்துல உருளைக்கிழங்கு அழுகி பஞ்சம் வந்து கப்பல் கப்பலா பாஸ்டன்ல வந்து இறங்கின கத்தோலிக்க ஏழைங்களைத் தான் வந்தேறின்னு இவங்க குறி வெச்சாங்க. 1854 தேர்தல்ல கவர்னரா ஹென்றி கார்ட்னர் ஜெயிச்சாரு, செனட்ல அத்தனை சீட்டும் இவங்களுக்கு, கீழ்சபையில நாலஞ்சு பேர் கூட எதிர்க்கட்சி இல்ல!

ஜெயிச்சதும் ஐரிஷ்காரங்க இருந்த மிலிஷியா கம்பெனிகளை, அதாவது மாநிலத் தொண்டர் படைப் பிரிவுகளைக் கலைச்சாரு கார்ட்னர். கன்னியாஸ்திரி மடங்கள்ல என்னமோ அக்கிரமம் நடக்குதுன்னு ஒரு கமிட்டி போட்டு, பாஸ்டன் பக்கத்துல ராக்ஸ்பரியில பொம்பளப் பிள்ளைங்க படிக்கிற கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்துக்குள்ள ஒரு கும்பலா நுழைஞ்சு அலமாரி வரைக்கும் குடைஞ்சாங்கடா, ஒண்ணும் கிடைக்கல. படிச்சப்ப வயிறு எரிஞ்சுது.

ஆனா என்னைத் தூங்க விடாதது வேற. சாரா ராபர்ட்ஸ்னு ஒரு கறுப்பினக் குழந்தை, வீட்டுப் பக்கத்து வெள்ளைக்காரப் பள்ளியில சேர்க்கலைன்னு அவ அப்பா கேஸ் போட்டு, 1850ல கோர்ட்ல தோத்துட்டாரு. பள்ளியில நிறம் பாக்கக் கூடாதுன்னு 1855ல சட்டம் போட்டது யாருன்ற, இதே சபை தான்! கடனுக்கு ஜெயில்ல போடுறதையும் ஒழிச்சாங்க. ஒரு குழந்தைக்கு கதவைத் திறந்த அதே ஆளுங்க இன்னொரு பிள்ளைங்க பள்ளிக்குள்ள சோதனை போட ஆள் அனுப்பினாங்களே, இது எப்படிடா ஒரே மனசுல இருக்கும்? அடிமை முறையை எதிர்த்தவங்க அவங்கள்ல நிறைய பேர், போப்புக்குக் கட்டுப்படுறதும் ஒரு அடிமைத்தனம் தான்னு அவங்க நிஜமாவே நம்பியிருக்காங்க. எனக்கு அதான் பயமா இருக்கு, கெட்டவங்களா இருந்திருந்தா புரிஞ்சுக்க ஈஸி.

கட்சி சீக்கிரமே கரைஞ்சு போச்சு, ஆனா 1859ல குடியுரிமை வாங்கினவங்க இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு தான் ஓட்டு போடணும்னு சட்டத்திருத்தம் வந்துச்சு. 1861ல உள்நாட்டுப் போர் வந்தப்ப அதே மாநிலத்துல இருந்து ஐரிஷ் ரெஜிமெண்ட்டே கிளம்பிப் போச்சுடா. அந்தத் திருத்தத்தை ரத்து பண்ணினது 1863ல.

பொங்கலுக்கு வர்றியா, கண்டிப்பா எழுது.

உன்
ராஜா