டைட்டானிக்கின் மூன்றாம் வகுப்பும் நம் ஒப்பாரிக் கோச்சியும்

ஹட்டன்,
இலங்கை.
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. வலது கண்ணுக்குப் புரை எடுத்தார்கள், அதனால்தான் தாமதம். பத்து நாள் எழுத்துப் பக்கமே போகக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இப்போது நல்ல தெளிவு. ஜன்னலில் நின்றால் எதிர் மலையில் கொழுந்தெடுக்கிறவர்கள் இடுப்பில் கட்டியிருக்கும் படங்கின் நிறம்கூடத் தெரிகிறது.

பழைய லயத்து வரிசை வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். நீங்கள் இருந்த தொங்கல் காம்பரா, அந்தக் கடைசி அறை, இப்போது இல்லை. ஐந்தாறு வருஷத்துக்கு முன்பே கூரைத் தகரம் போய், மழை சுவரைக் கரைத்துவிட்டது. வாசலில் உன் அம்மா நட்ட கொய்யா மட்டும் நிற்கிறது. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது இரண்டு காய் பறித்து வந்தேன். சின்ன மகளுக்குக் கொழும்பில் வேலை கிடைத்துவிட்டது. வீட்டில் எல்லோரும் சுகம்.

என்ன வாசிக்கிறாய் என்றும் கேட்டிருந்தாய். அதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம். வோல்டர் லோர்ட் என்பவர் டைட்டானிக் மூழ்கிய இரவைப் பற்றி 1955இல் எழுதிய புத்தகம் ஒன்று கையில் கிடைத்தது. ஆங்கிலம். பௌர்ணமிப் போயா லீவு நாட்களில் நம் வாசிகசாலையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம் என்று முன்பே எழுதியிருக்கிறேன் அல்லவா? நான் வாசித்து வாசித்துத் தமிழில் சொல்ல, ஆறு போயாவில் முடித்தோம். அதன் பிறகு வந்த இரண்டு போயாவும் புத்தகத்தைப் பற்றிய வாக்குவாதத்திலேயே போயின. இந்த வாசிகசாலையில் இப்படி ஒரு பேச்சு நடந்து நான் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த ரீச்சருக்குப் புத்தகம் பிடிக்கவில்லை. ஒருத்தரின் பெயரைப் பிடித்துக்கொள்வதற்குள் இன்னொருத்தர் வந்துவிடுகிறார், யாருக்காகவும் அழ முடியவில்லை என்றாள். அவள் சொல்வதும் சரிதான். ஒரு பக்கத்தில் சீட்டாடுகிறவர்கள், அடுத்த பக்கத்தில் நெருப்பு அள்ளிப் போடுகிறவர்கள், அதற்கடுத்த பக்கத்தில் கம்பியில்லாத் தந்திக்காரர்கள் என்று எழுத்து ஓடிக்கொண்டே இருக்கிறது. எனக்கு அந்த ஓட்டம்தான் பிடித்தது. 1912 ஏப்ரல் 14, இரவு 11.40க்குக் கப்பல் பனிமலையில் உரசுகிறது. 2.20க்குத் தண்ணீருக்குள் போகிறது. இடையில் இருப்பது இரண்டே முக்கால் மணித்தியாலம் கூட இல்லை. அந்த நேரத்தில் யார் யார் எங்கே நின்றார்கள் என்று காட்ட வேண்டுமானால் ஓடித்தான் ஆக வேண்டும்.

தேயிலை ஸ்டோரில் முப்பது வருஷம் இஞ்சின் பார்த்த அண்ணனை உனக்கு ஞாபகம் இருக்கும். அவருக்கு ஆட்களைப் பற்றிக் கவலையே இல்லை, தடுப்புச் சுவர்களைப் பற்றித்தான் கேள்வி. கப்பலின் அடிப்பாகம் 16 அறையாகப் பிரிக்கப்பட்டிருந்தது, முன்பக்கத்தில் நான்கு அறை நிரம்பினாலும் மிதக்கும், ஐந்தாவதும் நிரம்பினால் முடிந்தது என்று நான் சொன்னதும், சோக்கட்டியை வாங்கிக் கரும்பலகையில் கீறத் தொடங்கிவிட்டார். சுவர்கள் மேல்தட்டு வரை எழும்பவில்லை. அதனால் மூக்குத் தாழத் தாழ, ஒரு பாத்தி நிரம்பி அடுத்த பாத்திக்கு வழிவது மாதிரித் தண்ணீர் பின்னால் போயிருக்கிறது. அவர் கீறிய படத்தில் கடைசிப் பாத்தியைச் சோக்கால் நிரப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். கீறல் 300 அடி என்று புத்தகம் சொல்கிறது. பின்னாளில் கடலடியில் கிடந்த கப்பலைச் சோதித்தபோது, அது ஒரே கிழிசல் அல்ல, மெல்லிய பிளவுகள், எல்லாவற்றையும் சேர்த்தாலும் 12 சதுர அடி அளவுதான் என்று கண்டார்கள். அதைச் சொன்னபோது அண்ணன் வாசிகசாலைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கதவே அதைவிடப் பெரிது.

கொழுந்தெடுத்து ஓய்வு பெற்ற அக்கா ஒருத்தி ஒவ்வொரு முறையும் முன் வரிசையில் உட்காருவாள். அன்று பகல் முழுக்க மற்றக் கப்பல்களிலிருந்து பனிக்கட்டி எச்சரிக்கை வந்தது, கலிபோர்னியன் என்ற கப்பல் கடைசியாக அனுப்பிய செய்தியை, வேலையாக இருக்கிறேன், குறுக்கே வராதே என்று டைட்டானிக்கின் தந்திக்காரர் இடையிலேயே நிறுத்திவிட்டார் என்ற பகுதியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா, “மீரியபெத்தையிலும் முதலே சொல்லித்தானே இருந்தார்கள்” என்றாள். யாரும் பேசவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து அந்தத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போனபோது செத்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கே நாளுக்கொன்றாக மாறியது உனக்கும் தெரியும். அங்கே எச்சரிக்கை வந்திருந்தது. போவதற்கு இடம்தான் இல்லை.

அப்புறம் பேச்சு மூன்றாம் வகுப்புக்கு வந்தது. கொழும்பில் கடையில் நிற்கிற பையன் ஒருவன் லீவுக்கு வந்திருந்தான். “சேர், இது பணக்காரர்களைப் பற்றிய புத்தகம்” என்றான். எனக்குச் சுருக்கென்றது. இல்லையடா என்று சொல்லி, நான் அடையாளம் வைத்திருந்த பக்கத்தை எடுத்துக் காட்டினேன். பெண்களும் பிள்ளைகளும் முதலில் என்று உலகம் கொண்டாடிய அந்த இரவில், முதல் வகுப்பு ஆண்கள் செத்த விகிதத்தை விட மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் செத்த விகிதம் கூட என்று லோர்ட் எழுதுகிறார். பிரிட்டிஷ் விசாரணையின் கணக்கையும் தேடிப் பார்த்தேன். அந்தக் கணக்கில் முதலாம், இரண்டாம் வகுப்பில் இருந்த 30 பிள்ளைகளும் தப்பிவிட்டார்கள்; உண்மையில் முதல் வகுப்பில் ஒரே ஒரு பிள்ளை மட்டும் போனது. மூன்றாம் வகுப்பில் 79 பிள்ளைகள், அதில் 52 பேர் திரும்பவில்லை. 79 என்றால் நம் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பு, மச்சான். வாசித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்றாம் வகுப்பைப் பிரித்து வைத்ததற்குக் காரணம் இருந்தது. வந்தேறிகளை மற்றப் பயணிகளோடு சேர விடக்கூடாது, நோய் பரவும் என்று அமெரிக்கச் சட்டம் சொன்னது. அதனால்தான் வாயில்களும் தடுப்புகளும். நம் பாட்டன்மார் இந்தியாவிலிருந்து இங்கே வரும்போது அவர்களை மண்டபம் முகாமில் நோய்ச் சோதனைக்கென்று நாட்கணக்கில் நிறுத்தி வைத்ததை நினைத்துக்கொண்டேன். ஹார்ட் என்ற பணியாள் ஒருவர் மட்டும் கீழே போய்ப் பெண்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, வளைந்து வளைந்து போகிற நடைபாதைகளில் வழி காட்டி, படகுத் தட்டுக்கு ஏற்றினார். இரண்டு தடவை. இரண்டாவது தடவை அவரையே படகில் ஏறச் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது தடவை அவர் கீழே போயிருந்தால் என்று அக்கா கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் அந்தப் பையன் விடவில்லை. “ஒரு பக்கம் எழுதிவிட்டார், சரி. மற்றப் பக்கம் எல்லாம் யார் பேசுகிறார்கள், பாருங்கள்” என்றான். வீட்டுக்கு வந்து திரும்பப் புரட்டினேன். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. முதல் வகுப்பில் தப்பியவர்கள் கடிதம் எழுதினார்கள், புத்தகம் போட்டார்கள், பத்திரிகைக்காரர்கள் அவர்களைத் தேடிப் போனார்கள். மூன்றாம் வகுப்புப் பயணி ஒருவரைக்கூட லண்டனில் நடந்த விசாரணைக்குச் சாட்சியாக அழைக்கவில்லை. எழுபத்தைந்து சதவீதம் பேர் செத்த வகுப்பு அது. மிஞ்சியவர்களிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

கேட்டாலும் நம்ப வேண்டுமே. கப்பல் இரண்டாக உடைந்ததைக் கண்ணால் பார்த்தோம் என்று தப்பியவர்களில் பலர் சொன்னார்கள். கப்பல் அதிகாரி ஒருவர் அப்படி உடையவில்லை என்றார், விசாரணையும் முழுதாகத்தான் மூழ்கியது என்று எழுதி முடித்தது. 1985இல் கண்டுபிடித்தபோது முன்பாதி ஓரிடத்தில், பின்பாதி ஓரிடத்தில். எழுபத்து மூன்று வருஷம் அவர்கள் கண்டதைக் கனவு என்று வைத்துவிட்டார்கள்.

இருந்தும் இந்தப் புத்தகத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். காரணம் எழுத்து அழகு அல்ல. லோர்ட் 63 பேரைத் தேடிப் பிடித்துக் கேட்டிருக்கிறார். நடந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு! அன்று பிள்ளைகளாக இருந்தவர்கள் நடு வயது தாண்டிவிட்டார்கள். இன்னும் இருபது வருஷம் பொறுத்திருந்தால் பாதிப் பேர் இருந்திருக்க மாட்டார்கள். ஆட்கள் இருக்கிறபோதே போய்க் கேட்டார், அவ்வளவுதான் அந்த மனிதர் செய்த வேலை. அதுதான் பெரிய வேலை.

நமக்கும் ஒரு கப்பல் இருந்தது. கோப்பிக் காலத்தில், 1864இல், ஆதிலட்சுமி என்ற கப்பல் தோட்டத்துக்கு வந்த 120 பேரோடு மூழ்கியது என்று மலையக வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். நான் வாசித்த எதிலும் அது ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி. ஒரு பெயர் இல்லை. ஊர் இல்லை. பிள்ளைகள் எத்தனை பேர் என்றுகூட இல்லை. யாருக்கும் கேட்கத் தோன்றாத காலம் அது. டைட்டானிக்கில் இறந்த மூன்றாம் வகுப்புக்காரர்களுக்குப் பயணிகள் பட்டியலிலாவது பெயர் மிஞ்சியது.

சரி, இப்போது உன்னிடம் வருகிறேன். நம் தோட்டத்து ஆட்களை இலங்கையும் இந்தியாவும் பங்கு போட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கென்று எண்ணி வைத்த 5,25,000 பேரில் நீயும் உன் வீட்டாரும் ஆறு பேர். 1974இல் ஹட்டன் ஸ்டேசனில் அந்த ரயில் கோச்சி நகர்ந்ததை நான் மறக்கவில்லை. ஒப்பாரிக் கோச்சி என்றுதான் சனம் சொல்லும். உன் அம்மா ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி என் அம்மாவின் கையைப் பிடித்திருந்தார்கள். கோச்சி எடுத்த பிறகும் விடவில்லை. அம்மா கூடவே நடந்து, பிறகு ஓடி, பிளாட்போம் முடிகிற இடத்தில்தான் கை விடுபட்டது. அன்று இரவு அம்மாவின் உள்ளங்கையில் உன் அம்மாவின் கண்ணாடி வளையல் கீறிய கோடு இருந்தது. மஞ்சள் பத்துப் போட்டோம்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. தலைமன்னார், அந்த ராமானுஜம் கப்பல், கரை கண்டது, மண்டபம், கோத்தகிரி என்று நீ எழுதிய முதல் கடிதத்தில் இருந்தது நான்கைந்து வரிதான். “கடல் பச்சையாக இருந்தது, தம்பி வாந்தி எடுத்தான்” என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அதற்கு மேல் நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. ஐம்பது வருஷம் போய்விட்டது. லோர்ட் காத்திருந்ததை விட நாம் கூடக் காத்திருந்துவிட்டோம்.

அதனால் கேட்கிறேன். உட்கார்ந்து எழுது. பெரிய எழுத்தாக வேண்டாம். கப்பலில் உன் பக்கத்தில் யார் இருந்தார்கள், எந்தத் தோட்டத்து ஆட்கள், டிரங்குப் பெட்டியில் என்ன கொண்டு போனீர்கள், அதிகாரிகள் எதை எடுத்து வைத்துக்கொண்டார்கள், கரை தெரிந்தபோது அப்பா என்ன சொன்னார். பெயர் ஞாபகம் வந்தால் பெயரை எழுது. வராவிட்டால் தோட்டத்தின் பெயரை எழுது. கோத்தகிரிப் பக்கம் நம் ஆட்கள் வேறு யாராவது உயிரோடு இருந்தால் அவர்களையும் கேள். கை நடுங்குகிறது என்று எழுதியிருந்தாயே, பேரனிடம் சொல்லச் சொல்ல அவன் எழுதட்டும், போனில் படம் பிடித்து அனுப்பட்டும்.

அடுத்த போயாவுக்கு முதல் ஒரு பக்கமாவது வந்தால் போதும், வாசிகசாலையில் நானே வாசிப்பேன். அந்த அக்காவுக்கு உன் அம்மாவைத் தெரியும். இரண்டு பேரும் ஒரே மலையில் கொழுந்தெடுத்தவர்கள். தலைமன்னாரில் அவர்கள் என்ன சேலை கட்டியிருந்தார்கள் என்று நேற்றும் என்னிடம் கேட்டாள்.

அன்புடன்,
உன் மச்சான்.