கிழக்கு முனைக் குறிப்பை அழித்துவிட்டேன்

தம்பி,

வரைபடத்தை அனுப்பச் சொல்லி மூன்று தடவை கேட்டுவிட்டாய். இதோ, சுருட்டி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் உறையில் ஒரு மூலை கிழிந்திருக்கிறது, மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறது. தீவுகளைச் சுற்றிக் கயாக் படகில் போனபோது நீரோட்டத்தின் திசைக்காக நான் பென்சிலால் போட்ட அம்புக்குறிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பெரிய தீவின் கிழக்கு முனையில் மட்டும் ரப்பரால் தேய்த்த தடம் தெரியும். அது இன்று காலை நான் அழித்தது. ஏன் அழித்தேன் என்று சொல்லத்தான் இத்தனை பக்கம்.

அந்த இடத்தில் ‘சாதுவான நீர், பாறையை ஒட்டியே சுற்றலாம்’ என்று எழுதியிருந்தேன். பொய் இல்லை. எழுதிய அன்று அப்படித்தான் இருந்தது. செப்டம்பர் கடைசி, அஷ்டமி கழிந்த மறுநாள், இலை அசையாத காலை. பாறையில் ஒட்டியிருந்த சிப்பிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டே கயாக்கை நகர்த்தினேன். அந்த மிதப்பில் எழுதியது.

அடுத்த ஏப்ரலில் அதே முனையில் கவிழ்ந்தேன். இதை உனக்குச் சொன்னதே இல்லை. உனக்கு அப்போது எட்டு வயது. கரையில் அப்பாவோடு கூழாங்கல் அடுக்கிக்கொண்டிருந்தாய். சொட்டச் சொட்ட வந்தவளைப் பார்த்து, “ஏம்மா, குளிச்சியா?” என்று கேட்டாய். ஆமாம் என்றேன். உன் அப்பா ஒன்றும் பேசாமல் ஃபிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் வெந்நீர் ஊற்றி நீட்டினார். என்னால் அதைப் பிடிக்க முடியவில்லை. விரல்கள் மடங்கவே இல்லை. அவரே வாயில் வைத்துப் புகட்டினார்.

அன்று பௌர்ணமி கழிந்து இரண்டாம் நாள். கடல்நீர் ஏறி வற்றுகிற கணக்கைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்க்காமல் கிளம்பவில்லை. ஆனால் நேரத்தை மட்டும் பார்த்தேன். பக்கத்தில் அச்சடித்திருந்த உயரத்தைப் பார்க்கவில்லை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓரிரு நாள் கழித்து ஏற்றமும் வற்றமும் உச்சத்துக்குப் போகும். அஷ்டமியை ஒட்டி அடங்கிவிடும். மார்ச், செப்டம்பரில் பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டி வருகிற பௌர்ணமி, அமாவாசை ஓதங்கள் வருடத்திலேயே பெரியவை. இரண்டு தீவுக்கு நடுவே இருக்கிற கால்வாய் அதே அகலம்தான். நீர் ஏறவோ வற்றவோ எடுக்கிற அதே ஆறு மணி நேரத்தில் அதன் வழியே அவ்வளவு கூடுதல் தண்ணீர் போயாக வேண்டும் என்றால், ஓடித்தானே போகும்?

சரி, நேரமாவது சரியாக இருந்ததா? அதுவும் இல்லை. கூட வந்த தோழி துடுப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள். போய் எடுத்து வருவதற்குள் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. நீர் நிற்கிற வேளையில் முனையைத் தாண்ட வேண்டியவர்கள், அது நன்றாக ஓடத் தொடங்கிய பிறகு போய்ச் சேர்ந்தோம். நீர் ஏறுவதைப் பன்னிரண்டு பங்காக வைத்துக்கொள். முதல் மணியில் ஒரு பங்கு, அடுத்ததில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மூன்று மூன்று, அப்புறம் இரண்டு, கடைசியில் ஒன்று. நடுவில் இருக்கிற இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதித் தண்ணீர் வந்துவிடும். தோராயக் கணக்குதான், எல்லாக் கடலுக்கும் பொருந்தாது. ஆனால் நீ போகிற இடத்துக்குப் போதும்.

முனைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கிச் சுழன்று, எதிர்த்திசையில் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. அதற்கும் வெளியே ஓடுகிற நீருக்கும் நடுவில் ஒரு கோடு, கத்தியால் கீறிய மாதிரி. கோட்டுக்கு இந்தப் பக்கம் வழவழவென்று, அந்தப் பக்கம் கொதிக்கிற மாதிரி. நான் நேராக நிமிர்ந்து உட்கார்ந்தபடி கயாக்கின் மூக்கை அந்த ஓட்டத்துக்குள் நீட்டினேன். நீரோட்டம் கயாக்கின் முன்பகுதியைப் பிடித்து இழுத்தது. பயத்தில் உடம்பு தானாக நீர் வருகிற பக்கமாகச் சாய்ந்தது. கயாக்கின் அந்தப் பக்க விளிம்பின் மேல் தண்ணீர் ஏறியது, அவ்வளவுதான். நீர் போகிற பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். வகுப்பில் நூறு தடவை செய்ததுதான்.

தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, இடுப்பைச் சுற்றிக் கயாக்கின் வாயை மூடியிருக்கும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டைக் கழற்ற அதன் பட்டையைத் தேடினேன். நல்லவேளை, கிளம்பும்போது அதை வெளியே எடுத்து விட்டிருந்தேன். (ஒவ்வொரு முறையும் கையால் தொட்டுப் பார். உள்ளே மடங்கியிருந்தால் தண்ணீருக்குள் அது கிடைக்கவே கிடைக்காது.) வெளியே வந்தேன். மூச்சு விட முடியவில்லை. உள்ளே இழுக்க மட்டும்தான் முடிந்தது, விக்கி விக்கி.

அது வெயில் சுள்ளென்று அடித்த நாள். அதனால்தான் மெல்லிய சட்டையோடு போயிருந்தேன். வெயிலுக்கு ஏற்ற உடை, தண்ணீருக்கு அல்ல. நிலம் ஏப்ரலிலேயே சூடாகிவிடும். கடல் அப்படி இல்லை, பருவத்துக்கு ஒன்றிரண்டு மாதம் பின்தங்கியேதான் வரும். அந்தக் கடல் மிகக் குளிர்ந்து கிடப்பது பிப்ரவரி, மார்ச்சில். வெதுவெதுப்பாக இருப்பது ஆகஸ்ட், செப்டம்பரில். நடுக்குளிர்காலத்தில் யாரும் ஏமாற மாட்டார்கள், பயந்து, தண்ணீர் உள்ளே புகாத ட்ரைசூட் உடையைப் போட்டுக்கொண்டுதான் இறங்குவார்கள். ஆளை ஏமாற்றுவது வசந்தம்தான். கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதற்கு ஒரு கணக்குச் சொல்வார்: குளிர்நீரில் விழுந்தால் மூச்சு கட்டுக்குள் வர ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணி நேரம். பத்து நிமிடத்தில் எனக்கு ஏழெட்டு போயிருக்கும். தோழி தன் கயாக்கை என்னுடையதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு தடவை ஏற முயன்று வழுக்கி விழுந்தேன். மூன்றாவதில் லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டாள். இன்று வரை அவள் அதைப் பேசுவதில்லை. துடுப்பை மறந்ததுதான் அவளுக்கு உறுத்தல். எனக்கு உறுத்தல் என் கையெழுத்து.

இப்போது நீ அக்டோபரில் போவதாகச் சொல்கிறாய். தண்ணீர் இன்னும் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும், சரி. ஆனால் பொழுது சீக்கிரம் சாயும், காற்றும் எழத் தொடங்கும். காற்றின் வேகம் இரட்டிப்பானால் அது உன்னைத் தள்ளுகிற பலம் நான்கு மடங்காகும். நீரோட்டம் போகிற திசைக்கு எதிராகக் காற்று அடித்தால் அலை குட்டையாக, செங்குத்தாக, நெருக்கமாக வரும். காலையில் கண்ணாடி மாதிரி இருந்த கால்வாய், காற்று மாறாமலே மதியத்தில் அப்படி ஆகிவிடும், நீர் திரும்பியதால் மட்டும். நீயோ நானோ நாள் முழுக்கத் துடுப்பு போட்டால் மணிக்கு ஐந்து, ஐந்தரை கிலோமீட்டர் போவோம். நீர் அதைவிட வேகமாக ஓடும்போது அதை எதிர்த்து வீரம் காட்டுவதில் அர்த்தமே இல்லை. கரையில் உட்கார்ந்து காத்திரு.

இன்னொன்று. போன சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நீர் நிறைந்து இருந்தது என்று நண்பர்கள் சொன்னால், இந்தச் சனிக்கிழமைக்கு அதை நம்பாதே. ஓதம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் ஆகிறது, அதாவது அதே எட்டு மணிக்கு நீர் வற்றிக் கிடக்கும். கரையில் நீர் உச்சிக்கு வந்த நேரமும் கால்வாயில் ஓட்டம் நிற்கிற நேரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அதற்குத் தனி அட்டவணை உண்டு, அதை வாங்கு. வட இந்தியப் பெருங்கடலில் பருவக்காற்று திரும்பினால் பெரிய நீரோட்டமே திசை திரும்பிவிடும். அப்படியிருக்க, ஒரு கால்வாயில் நான் போட்ட அம்பு எத்தனை நாளைக்குச் செல்லும்?

அதனால் மற்ற அம்புகளையும் அழித்துவிடலாமா என்று யோசித்தேன். மனசு வரவில்லை. அதற்குப் பதிலாக, ஞாபகம் இருந்தவற்றின் பக்கத்தில் மாதமும் திதியும் எழுதியிருக்கிறேன். ஞாபகம் இல்லாதவற்றுக்குக் கேள்விக்குறி. கேள்விக்குறிதான் அதிகம், சிரிக்காதே.

உறைக்குள் ஒரு பென்சிலும் இருக்கிறது. கிழக்கு முனையைக் காலியாக விட்டிருக்கிறேன், நீ எழுது. தேதி, நிலா, காற்று, எத்தனை மணி, நான்கும் வேண்டும். கிளம்புகிற நாள் முடிவானதும் சொல், அன்றைய ஓதத்தின் உயரத்தை நானும் இங்கிருந்து பார்த்துவைக்கிறேன். கரை ஏறியதும் கூப்பிடு. தலை நனைந்திருந்தால் அதையும் சொல்.

அம்மா